எடை பார்க்கும் நாட்கள்

2024 அக்டோபர் 12, சனி

டிராக்கில் ஓட்ட நானே கட்டும் காருக்கு எஞ்சின் வந்துவிட்டது. மாருதி எஸ்டீமில் ஓடியது, 1298 சி.சி., பதினாறு வால்வு, பிளாக்கும் ஹெட்டும் அலுமினியம். உக்கடத்தில் வண்டியில் ஏற்றும் முன் இரும்புக் கடைத் தராசில் வைக்கச் சொன்னேன். 94 கிலோ. ஏ.சி. கம்ப்ரசர், ஸ்டியரிங் பம்பு, வார்ப்பிரும்பு மேனிஃபோல்டு எல்லாம் தொங்கிக்கொண்டிருக்கும்போது எடுத்த எடை. கியர்பாக்ஸ் தனியாக 31. ஓடுமா என்று கேட்காமல் எடையைக் கேட்கும் ஆளைக் கடைக்காரர் இதுவரை பார்த்ததில்லையாம்.

அப்பா டயாலிசிஸுக்குப் போகும்போது 56.6 கிலோ. வரும்போது 54.1.

அக்டோபர் 13, ஞாயிறு

காலையிலிருந்து மழை. எஞ்சின் முன்னாலா, பின்னாலா என்பது இன்னும் முடிவாகவில்லை.

முன்னால் வைக்க வழி இருக்கிறது. ஜிப்ஸி கிங்கில் இதே ஜி13 குடும்பத்து எஞ்சின்தான் நீளவாக்கில் நிற்கிறது. அதன் கியர்பாக்ஸைப் பிடித்தால் போதும். லோட்டஸ் செவன் மாதிரி நீண்ட மூக்கு, பின் ஆக்ஸிலுக்கு ஒட்டி இருக்கை. ஆசை யாரை விட்டது? ஆனால் காகிதத்தில் கூட்டினால் கியர்பாக்ஸுக்குப் பின்னால் புரொப்பெல்லர் ஷாஃப்ட் வருகிறது, அதற்குப் பின்னால், இரண்டு சக்கரங்களுக்கும் விசையைப் பிரித்துக் கொடுக்கும் டிஃபரன்ஷியலைச் சுமக்கும் இரும்பு ஆக்ஸில் வருகிறது. எஸ்டீம் கியர்பாக்ஸோ டிஃபரன்ஷியலைத் தனக்குள்ளேயே வைத்திருக்கிறது. 31 கிலோவில் இரண்டு வேலை. எஞ்சினோடு சேர்த்து அப்படியே இருக்கைக்குப் பின்னால் குறுக்காக வைத்துவிடலாம். ஃபியட் எக்ஸ்1/9 செய்ததும், டொயோட்டா எம்.ஆர்.2 செய்ததும் அதுதான். 1996இல் லோட்டஸ் எலீஸ், ரோவரின் முன்சக்கரக் கார்களில் இருந்த எஞ்சினையும் கியர்பாக்ஸையும் பின்னால் தூக்கி வைத்துக்கொண்டு 725 கிலோவில் நின்றது. அதில் 118 குதிரைத்திறன். என்னிடம் 85. நான் 500க்குக் கீழே நின்றாக வேண்டும்.

எஞ்சினின் முகம் முன்பிருந்த திசையிலேயே இருக்க வேண்டும். திருப்பி வைத்தால் ஐந்து ரிவர்ஸும் ஒரு முன் கியரும் கிடைக்கும்.

சாலையில் ஓட்ட முடியாதே, எதற்கு இத்தனை பாடு என்று அக்கா திருப்பூரிலிருந்து கேட்கிறாள். முடியாதுதான். கடையில் வாங்கிய காரிலேயே தயாரிப்பாளரின் அமைப்பை மாற்றக்கூடாது என்று 2019இல் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. வீட்டில் பற்றவைத்த காருக்கு யார் நம்பர் கொடுப்பார்கள்? டிரெய்லரில் செட்டிபாளையம் பந்தயத் தடத்துக்குப் போய், ஓட்டிவிட்டு, டிரெய்லரில் திரும்புவேன்.

அக்டோபர் 15, செவ்வாய்

அப்பாவின் உடம்பிலிருந்து 2.8 கிலோ நீர் எடுத்தார்கள். வழியெல்லாம் கால் இழுத்துக்கொண்டது.

அக்டோபர் 18, வெள்ளி

நண்பன் ஹயபுசா பைக்கின் எஞ்சினைப் பற்றி மூன்று மணி நேரம் பேசிவிட்டுப் போனான். 1340 சி.சி., கியர்பாக்ஸ் அதன் உடம்பிலேயே. எடையில் அதை எதுவும் வெல்லாது, ஒப்புக்கொள்கிறேன். ஆனால் ரிவர்ஸ் கியர் கிடையாது. பைக் வளைவில் சாயும், கார் சாயாது. எஞ்சினின் அடித்தொட்டியான சம்பில் இருக்கும் ஆயில் ஒரு பக்கம் ஒதுங்கிவிட்டால் பேரிங் போய்விடும். கிளட்சும் பைக்கின் எடைக்குச் செய்தது. எல்லாவற்றுக்கும் விடை இருக்கிறது, எல்லா விடைக்கும் விலை இருக்கிறது. என்னால் முடியாது.

எண்பதுகளின் கடைசியில் பந்தய வீரர் கரிவரதன் இதே ஊரில் மாருதி 800இன் 796 சி.சி. எஞ்சினை வைத்துப் பந்தயக் கார் கட்டினார். கைக்கு எட்டியதை எடுத்தார். அதனால்தான் பலரால் ஓட்ட முடிந்தது.

இரவு அப்பாவின் கையில், டயாலிசிஸுக்காக ரத்தக்குழாய்களை இணைத்த இடத்தைத் தொட்டுப் பார்த்தேன். அதிர்வு இருக்கிறது.

அக்டோபர் 20, ஞாயிறு

கழற்றிய நாள். கம்ப்ரசரும் அதன் பிராக்கெட்டும் 7.2. ஸ்டியரிங் பம்பு பிராக்கெட்டோடு 3.4. மேனிஃபோல்டு 5.1. ஆக, 94 என்பது 78.3 ஆகிவிட்டது. குழாய் வளைத்துப் புது மேனிஃபோல்டு செய்தால் 2.8 திரும்ப ஏறும், பரவாயில்லை. லேத் இல்லை, செலவு இல்லை, ஒரு ஸ்பேனர் செட்டும் கொஞ்சம் மண்ணெண்ணெயும்தான். கியரில் துளை போட்டு நூறு கிராம் குறைப்பவர்கள் முதலில் இதையெல்லாம் கழற்றினார்களா என்று கேட்க வேண்டும்.

அப்பா கட்டிலிலிருந்தே கேட்டுக்கொண்டிருந்தார். ஓட்டுகிறவன் எடையைச் சேர்த்தாயா கண்ணு என்றார். 83 என்றேன். அதில் பத்துக் கிலோவைக் கடைசல் பட்டறைக்கு அனுப்பு என்றார்.

அக்டோபர் 23, புதன்

கியர்பாக்ஸைப் பிரித்துப் பல் எண்ணினேன். முதல் கியர் 12க்கு 41. இரண்டாவது 19க்கு 36. மூன்றாவது 25க்கு 32. முதலில் 6500 சுற்று வரை இழுத்து இரண்டாவதுக்கு மாற்றினால் 3600க்கு விழுகிறது. ஒரு பள்ளம். இரண்டிலிருந்து மூன்றுக்கு 4400, அது பரவாயில்லை. நெருக்கமான கியர் செட் செய்ய வைப்பது என் சம்பளத்துக்குச் சரிவராது. அந்தப் பள்ளத்தோடு வாழப் பழகுவோம்.

ஐந்தாவது கியர் பக்க மூடிக்குள் தனியாக இருக்கிறது. டிராக்கில் அதற்கு வேலை இல்லை. எடுத்துவிட்டு அதே உயரத்துக்கு ஒரு ஸ்பேசர் போடலாம். கேஸின் ரிப்புகளை மட்டும் தொடமாட்டேன். கியர்கள் ஒன்றையொன்று தள்ளும்போது ஷாஃப்ட்களை விலகாமல் பிடிப்பது அந்த ரிப்புகள்தான்.

அக்டோபர் 26, சனி

யாரோ ஊறுகாய் கொடுத்திருக்கிறார்கள். அப்பாவின் எடை 3.4 ஏறியிருந்தது. யாரென்று அம்மா சொல்லமாட்டேன் என்கிறார்.

அக்டோபர் 29, செவ்வாய்

டயாலிசிஸ் அறைக்கு வெளியே நாற்காலியில் உட்கார்ந்து, எஞ்சினோடு சுற்றும் கனத்த சக்கரமான ஃபிளைவீலின் கணக்கு. 6.9 கிலோ இருக்கிறது. விளிம்புப் பக்கம், மையத்திலிருந்து 12 செ.மீ. தூரத்தில் 1.5 கிலோ கடைந்து எடுத்தால்? முதல் கியரில் காரிலிருந்து 54 கிலோவை இறக்கியதற்குச் சமம்! எழுந்து நின்றுவிட்டேன். பக்கத்தில் இருந்த அம்மாள் பயந்துபோனார்.

பிறகு மற்ற கியர்களுக்கும் போட்டேன். இரண்டாவதில் 17. மூன்றாவதில் 8கூட இல்லை. நான்காவதில் 4. கியர் விகிதத்தின் வர்க்கம் கணக்கின் உள்ளே வருவதால் இப்படி. டிராக்கில் முதல் கியர் கிளம்பும் நேரத்துக்கு மட்டும். அந்த 54 எனக்குக் கிடைக்கப்போவது சில நொடிகள். ஆனாலும் பிரேக் போட்டுக் கியரைக் குறைக்கும்போது எஞ்சின் சுற்று சட்டென்று ஏறுமே, அது எல்லா வளைவிலும் கிடைக்கும். கடைந்துவிடுவது என்றே தோன்றுகிறது.

அக்டோபர் 31, வியாழன்

தீபாவளி. ஐந்து மணி ஷிஃப்ட். வெடிச் சத்தத்தில் பி.பி. கருவியின் சத்தம் கேட்கவில்லை.

நவம்பர் 3, ஞாயிறு

அப்பா ஃபிளைவீலைப் பார்க்க வேண்டும் என்றார். தூக்கிக்கொண்டு போய்க் கட்டில் ஓரம் வைத்தேன். முப்பத்திரண்டு வருடம் ஃபவுண்டரியில் மோல்டராக இருந்தவர். ஒரு சுத்தியலால் தட்டிக் காதை வைத்தார்.

வார்ப்பிரும்பு. இதைக் கடையாதே.

ஏன் என்றேன். இவர்கள் ஃபவுண்டரியில் பிரஸ் மெஷினின் சக்கரம் ஒன்று வெடித்து, ஒரு துண்டு ஆஸ்பெஸ்டாஸ் கூரையைக் கிழித்துக்கொண்டு அடுத்த காம்பவுண்டில் விழுந்ததாம். வார்ப்பிரும்பு அமுக்கத்தைத் தாங்கும், இழுவையைத் தாங்காது. உள்ளே கிராஃபைட் செதில் செதிலாகக் கிடக்கிறது, ஒவ்வொரு செதிலும் ஒரு விரிசலுக்குத் தொடக்கம். சுற்றும்போது விளிம்பு முழுக்க இழுவைதான். 7000 சுற்றில் விளிம்பு மணிக்கு 340 கிலோமீட்டர் வேகத்தில் போகிறது என்று நானே கணக்குப் போட்டுக் கொடுத்தேன், முட்டாள்தனமாக அவர் பக்கத்து வாதத்துக்கு.

அப்புறம் படத்தைக் கேட்டார். சேசிஸ் வரைபடத்தை விரல் வைத்துப் பார்த்தார். எஞ்சினைக் குறுக்காக வைக்கிறாய். அப்படியானால் சக்கரம் எந்த வாக்கில் சுற்றும்?

காரின் நீளவாக்கில். வெடித்தால் துண்டு முன்னாலும் பின்னாலும் போகும். முன்னால் என்றால், நடுவில் வைத்திருக்கும் என் ஒற்றை இருக்கை. நடுவே நான்.

நவம்பர் 4, திங்கள்

ஒன்றும் செய்யவில்லை.

நவம்பர் 6, புதன்

முன்னால் எஞ்சின் என்றால் இந்தத் தொல்லை இல்லை, சக்கரம் பக்கவாட்டில் சுற்றும், காலை மட்டும் கவனித்தால் போதும் என்று மறுபடி ஜிப்ஸி கியர்பாக்ஸைத் தேடத் தொடங்கினேன். இரும்பு ஆக்ஸிலை நினைத்ததும் நிறுத்திவிட்டேன். பின்னால்தான்.

அதிர்வு இருக்கிறது.

நவம்பர் 9, சனி

ராஜ வீதியில் தெரிந்த நகைக் கடையில் பிஸ்டன்களையும் கனெக்டிங் ராடுகளையும் எடை போட்டேன். தங்கத் தராசு. நான்கு பிஸ்டன்களுக்குள் வித்தியாசம் 1.8 கிராம்; கனமானவற்றை உள்பக்கம் லேசாக அராவி ஒன்றாக்கிவிடலாம். ராடுகளை இரண்டு முனையும் தனித்தனியாக நிறுக்க வேண்டும், அதற்கு ஒரு தாங்கி செய்ய வேண்டும். கடையில் வளையல் பார்த்துக்கொண்டிருந்த ஒரு பெண் இது என்ன கேரட் என்று கேட்டார்.

நவம்பர் 12, செவ்வாய்

ஃபிளைவீலை ஈ.என்.8 ஸ்டீலில் புதிதாகக் கடையக் கொடுத்துவிட்டேன். 4.6 வரும். 2.3 மிச்சம். இருக்கைக்கும் எஞ்சினுக்கும் நடுவே 3 மில்லிமீட்டர் ஸ்டீல் தகடு, 50க்கு 40 செ.மீ.: 4.7 கிலோ. மிச்சம் போய் 2.4 கூடுகிறது. தகடு இல்லாமல் ஓட்டமாட்டேன் என்று அப்பாவிடம் சொல்லியாகிவிட்டது. கணக்கைப் பலமுறை போட்டுப் பார்த்தேன், 4.7 மாறவில்லை.

நவம்பர் 16, சனி

அதிர்வு இல்லை. காலை நான்கு மணிக்குத் தொட்டபோது.

நவம்பர் 19, செவ்வாய்

கழுத்தில் குழாய் வைத்து ஓட்டுகிறார்கள். கையைச் சரிசெய்ய முடியுமா என்று வியாழக்கிழமை சொல்வார்களாம். எடை பார்க்கவே இல்லை, படுக்கையோடு தூக்கினார்கள். பில் கட்டும் இடத்தில் இரண்டு மணி நேரம். என்னென்னவோ எழுத நினைத்தேன்.

ஃபிளைவீலின் விளிம்பில் பல் வளையமான ரிங் கியரை எப்படி ஏற்றப் போகிறாய் என்று அப்பா கேட்டார். குரல் கரகரவென்று இருக்கிறது. அடுப்பில் 220 டிகிரி வைத்து என்றேன். கேஸ் வெல்டிங் நெருப்பை ஒரே இடத்தில் காட்டிவிடாதே, பல்லின் கடினம் போய்விடும் என்றார். நர்ஸ் பேசக்கூடாது என்றார்.

நவம்பர் 23, சனி

கிராங்க்ஷாஃப்ட்டும் புது ஃபிளைவீலும் பாலன்ஸிங்கில். கிளட்ச் கவரையும் சேர்த்துத்தான் சுற்ற வேண்டும் என்று சொல்லிவிட்டு வந்தேன். மாலை அழைத்தார்கள்: கவரை இடம் மாறாமல் பிடிக்கும் முளை (டோவல் பின்) ஒன்று உட்காரவில்லையாம், துளை அரை மில்லிமீட்டர் தள்ளி இருக்கலாமாம். கடைந்தவர் இல்லை என்கிறார். திங்கட்கிழமை பழைய ஃபிளைவீலை எடுத்துக்கொண்டு போய் இரண்டையும் ஒன்றின் மேல் ஒன்று வைத்துப் பார்க்க வேண்டும். ஆஸ்பத்திரிக்குப் பதினொரு மணிக்குள் போய்ச் சேர…