குறிச்சி ஃபவுண்டரியில் என் கோடைக்கால இன்டர்ன்ஷிப்

மெக்கானிக்கல் மூன்றாம் ஆண்டு முடிந்த கோடையில், கோவை குறிச்சி சிட்கோ தொழிற்பேட்டை பக்கம் உள்ள ஒரு ஃபவுண்டரியில், அதாவது இரும்பை உருக்கி மணல் அச்சில் வார்க்கிற ஆலையில், இன்டர்ன்ஷிப் செய்தேன். பம்ப் கேசிங் (வெளிக்கூடு), இம்பெல்லர் (உள்ளே சுழலும் சக்கரம்), மோட்டார் பாடி வார்த்து பம்ப் கம்பெனிகளுக்கு அனுப்புகிற நடுத்தர நிறுவனம். "எப்படிக்கா இடம் கிடைச்சுது, உள்ளே என்ன செய்ய விட்டாங்க?" என்று ஜூனியர்கள் கேட்கிறார்கள். அவர்களுக்காகத்தான் இதை எழுதுகிறேன்.

முதலில் இடம் பிடித்த கதை. பெரிய கம்பெனிகளுக்கு அனுப்பிய மெயில்களுக்குப் பதிலே வரவில்லை. ஆனால் பணம் கட்டினால் நேரில் வராமலேயே சர்டிஃபிகேட் தருகிறோம் என்று வாட்ஸ்அப்பில் செய்திகள் குவிந்தன. தயவுசெய்து அந்தப் பக்கம் போகாதீர்கள். ஒரு கோடை முழுக்கக் கையில் இருக்கிறது, பம்புக்குப் பேர்போன ஊர் பக்கத்திலேயே இருக்கிறது. அதை ஒரு காகிதத்துக்காக விற்றுவிடுவது எனக்கு மனசே ஆறாத விஷயம்.

எங்கள் ஊர் உடுமலைப் பக்கம். தோட்டத்துப் போர்வெல் மோட்டாரைக் கழற்றி மாட்டுகிற அண்ணன்தான் வழி சொன்னார். "பம்ப் கம்பெனிய விடு அம்மிணி, அவங்களுக்கு காஸ்டிங் போடறவங்ககிட்டப் போய்க் கேளு. அங்க ஆள் கம்மி, வேலை நிறைய." துறைத் தலைவர் கையெழுத்திட்ட கடிதம், போனஃபைடு, கல்லூரியின் விபத்துக் காப்பீட்டு நகல், தொடங்கும் தேதி, முடியும் தேதி எல்லாவற்றையும் ஒரே ஃபைலில் வைத்துக்கொண்டு நேரிலேயே ஏறி இறங்கினேன். காப்பீட்டு நகல் ரொம்ப முக்கியம். உருகிய இரும்பு ஓடுகிற இடத்தில் வெளியாளை விட எந்த முதலாளிக்கும் பயம் இருக்கும். அந்த நகலைக் காட்டிய பிறகுதான் பேச்சே தொடங்கும்.

ஓர் இடத்தில், "பொண்ணுகளுக்கு ஷாப் ஃப்ளோர் சரிப்படாதுங்க, ஆபீஸ்ல உக்காந்து ரிப்போர்ட் எழுதிக்கோங்க" என்றார்கள். நன்றி சொல்லிவிட்டு வந்துவிட்டேன். என்னைச் சேர்த்துக்கொண்ட இடத்தில் குவாலிட்டி மேலாளர் ஒரே கேள்விதான் கேட்டார்: "காஸ்டிங்ல ப்ளோ ஹோல் ஏன் வருது?" ப்ளோ ஹோல் என்றால் வாயு சிக்கி வார்ப்பில் விழுகிற குழி. மணலில் ஈரம் கூடினால், மோல்டில் (மணல் அச்சு) காற்று போக வழி இல்லாவிட்டால், கோரிலிருந்து (வார்ப்பின் உட்குழிவுக்காக அச்சுக்குள் வைக்கிற மணல் உரு) வாயு வந்தால் என்றேன். "மூணுமே இங்க இருக்கு. திங்கக்கிழமை சேஃப்டி ஷூ போட்டு வந்துரும்மா."

உடை பற்றியும் சொல்லிவிடுகிறேன். முழுக்கைப் பருத்திச் சட்டை, பருத்தி பேன்ட்தான் போட வேண்டும். பாலியஸ்டர் கூடவே கூடாது, பொறி பட்டால் உருகித் தோலோடு ஒட்டிக்கொள்ளும்.

முதல் சில நாள் சுற்றிப் பார்ப்பதிலேயே போனது. இன்டக்‌ஷன் ஃபர்னஸ் என்கிற மின் உலையில் ஸ்க்ராப்பும் (பழைய இரும்பு) பிக் அயர்னும் (கட்டி வார்ப்பிரும்பு) உருகி 1400 டிகிரியைத் தாண்டும். லேடிலில் (உருகிய இரும்பை ஏந்துகிற வாளி) ஊற்றும்போது, வார்ப்பு வெள்ளையாகிக் கடினமாகாமல் இருக்க ஃபெரோசிலிக்கான் துகளைப் போடுவார்கள். அதன் பலன் சில நிமிடங்களில் குறைந்துகொண்டே போகும் என்பதால் அதற்குப் பிறகு யாரும் நின்று பேசமாட்டார்கள். ஜார்க்கண்ட், பீகாரிலிருந்து வந்த அண்ணன்மார்தான் லேடில் பிடிக்கிறார்கள். அவர்கள் கால் வைக்கிற ஒழுங்கைப் பார்த்தால் பாதுகாப்பு என்றால் என்ன என்று தனியாகப் படிக்க வேண்டியதில்லை. மாதிரிக்கு ஓர் ஆப்புத் துண்டு வார்த்து, உடைத்து, முனையில் வெள்ளை எவ்வளவு தூரம் ஓடியிருக்கிறது என்று பார்ப்பார்கள். வெள்ளை அதிகம் என்றால் வார்ப்பு கடினமாகிவிடும், மெஷின் ஷாப்பில் டூல் உடையும். பாடத்தில் ஒரு வரியில் கடந்துபோன சில் டெஸ்ட் இதுதான்.

இப்படியே சுற்றிக்கொண்டிருந்தால் கோடை முடிந்துவிடும் என்று தோன்றியது. மேலாளரிடம் போய், "சார், எனக்குன்னு ஒரு பிரச்சனை குடுங்க" என்று கேட்டேன். அவர் ரிஜெக்‌ஷன் ரிஜிஸ்டரை எடுத்துக் கொடுத்தார். மோனோபிளாக் பம்பின் (மோட்டாரும் பம்பும் ஒன்றாகச் சேர்ந்தது) கேசிங் ஒன்றில் ப்ளோ ஹோல் விடாமல் வந்துகொண்டிருந்தது. தேதி, பேட்டர்ன் (அச்சு எடுக்கிற மாதிரி உரு) எண், ஹீட் (ஒரு தடவை உருக்குவது) எண், குறை என்று எல்லாம் கையால் எழுதிய பதிவு. அதுவரை அதைத் தேதிவாரியாகத்தான் பார்த்திருக்கிறார்கள். நான் ஹீட் எண் வாரியாக எக்ஸெல்லில் ஏற்றினேன். முதல் ஹீட்டுகளில் குறை கொஞ்சம், பிற்பகல் ஹீட்டுகளில் மளமளவென்று ஏறியிருந்தது.

காரணத்தின் நுனி கரண்டு பில்லில் இருந்தது. காலையிலும் மாலையிலும் பீக் ஹவரில் மின்கட்டணம் கூடுதல். அதனால் உருக்குவதை இடைப்பட்ட நேரத்தில் நெருக்கிச் செய்கிறார்கள். மோல்டு உடைத்த மணல் ஆறுவதற்குள் மறுபடி மிக்ஸருக்குப் போய்விடுகிறது. மே மாதம், தகரக் கூரை வேறு. மிக்ஸர் வாயில் தெர்மாமீட்டர் வைத்துப் பார்த்தோம். மதியத்துக்கு மேல் 50 டிகிரியைத் தாண்டி நின்றது. ஃபவுண்டரிக்காரர்கள் சூட்டு மணல் என்று பயப்படுகிற எல்லை ஏறக்குறைய அதுதான். சூடான மணலில் ஈரம் நிற்காது. ஆவியாகி எழுந்து, ஒப்பிடும்போது குளிர்ந்திருக்கிற கோர் மேல் வியர்த்து நிற்கும். அதன் மேல் இரும்பு பாய்ந்தால் நீராவி போக இடமில்லாமல் வார்ப்புக்குள்ளேயே குழியாகிவிடும். குறை வந்த கேசிங்குகளை அறுத்துப் பார்த்தோம், குழிகள் பெரும்பாலும் கோர் பக்கச் சுவரில்தான் இருந்தன.

மணல் லேபில் சோதனை காலையில் ஒருமுறைதான் நடந்துகொண்டிருந்தது. 50 மில்லிமீட்டர் உருளையை மூன்று முறை இடித்துச் செய்து வலிமையும் காற்றோட்டமும் பார்ப்பது, கால்சியம் கார்பைடு பொடி கலந்து வருகிற அசிட்டிலீன் வாயுவின் அழுத்தத்தை வைத்து ஈரம் கணிப்பது. சாப்பாட்டுக்குப் பிறகும் இதைச் செய்ய அனுமதி வாங்கினேன். இதில் என் பெரிய ஆசிரியர் மூத்த மோல்டர் ஐயா. ஒரு பிடி மணலை இறுக்கிப் பிடித்து, ரெண்டாக ஒடித்து, விளிம்பைப் பார்த்துவிட்டு, "இது நிக்காது கண்ணு, உதிரும்" என்பார். பிறகு நான் லேபில் அளந்தால் எண்ணும் அதையே சொல்லும். பல வருடமாக மதியத்து மணலைத் திட்டிக்கொண்டுதான் இருந்திருக்கிறார். அவர் சொன்னதை யாரும் எழுதி வைக்கவில்லை. என் ரிப்போர்ட்டில் அவருடைய அவதானிப்பை முதல் பக்கத்திலேயே வைத்தேன்.

சாண்ட் கூலர் வாங்குவது பெரிய செலவு, உடனே நடக்காது. கையில் இருப்பதை வைத்துச் சிலது செய்தோம். உடைத்த மணலைப் பரப்பி, உடனே தண்ணீர் தெளித்து ஆறவிட்டோம். கூடுதல் மணலைச் சுழற்சியில் சேர்த்து ரெண்டு குவியலாக மாற்றி மாற்றி எடுத்தோம். கோர் வைத்து மூடிய மோல்டைக் காக்க வைக்காமல் ஊற்றினோம். பிற்பகல் ரிஜெக்‌ஷன் கண்ணுக்குத் தெரிகிற அளவு குறைந்தது. முழுக்க ஒழியவில்லை. மிச்சம் இருந்ததில் சில ஷெல் கோரின் (பிசின் கலந்த மணலைச் சுட்டுச் செய்கிற கோர்) பிசின் வாயுவால் வந்தது, சில கோர் மேல் பூசிய பூச்சு சரியாகக் காயாததால் வந்தது என்பது மேலாளரின் கணிப்பு. அதைச் சரிபார்க்க எனக்கு நேரம் இல்லை.

ரிப்போர்ட், வைவா பற்றிச் சொல்ல அதிகமில்லை. அன்றாடம் அங்கேயே நின்று நோட்டில் எழுதியிருந்தால் ரிப்போர்ட் தானாக வந்துவிடும். போட்டோ எடுக்கும் முன் அனுமதி கேளுங்கள். பேட்டர்னும் டிராயிங்கும் அவர்களுடைய வாடிக்கையாளருக்குச் சொந்தம். வைவாவில் கம்பெனி வரலாற்றை யாரும் கேட்கவில்லை, மணல் சோதனை எண்களின் வரைபடத்தில்தான் முழு நேரமும் போனது.

அடுத்த கோடைக்குப் போகிறவர்கள் பிப்ரவரியிலேயே கடிதத்தோடு கிளம்புங்கள். மார்ச்சில் கணக்கு முடிப்பு, யாரும் நிமிர்ந்து பார்க்க மாட்டார்கள். நான் கோர் வாயுப் பிரச்சனையைக் கடைசி ஆண்டு ப்ராஜெக்டாக எடுத்திருக்கிறேன், அதே ஃபவுண்டரியில். மேலாளர் சம்மதித்துவிட்டார். கைடு கையெழுத்துதான் பாக்கி.