மேற்கு வாசலுக்கு வெளியே: குவாங்சோ நாட்குறிப்பு

நவம்பர் 11, 2023, சனி

ஷிசான்ஹாங் தெருவைப் பார்க்க வேண்டுமென்றால் விடிந்ததும் போக வேண்டும் என்றார் மேல்மாடி அம்மாள். தென்சீனத்தின் குவாங்சோ நகரில், இந்த லிவான் மாவட்டத்திலேயே பிறந்து, இங்கேயே பள்ளி ஆசிரியையாக இருந்து ஓய்வு பெற்றவர். ஊரைக் காட்ட அவர் போட்ட நிபந்தனை ஒன்றுதான்: வழியை அவர் தீர்மானிப்பார், பையை நான் சுமக்க வேண்டும்.

லிவானுக்குப் பழைய பெயர் சிகுவான். நகர மதிலின் மேற்கு வாசலுக்கு வெளியே இருந்த பகுதி என்பதால் வந்த பெயர். மதிலை இடித்து நூறு ஆண்டுகள் ஆகிவிட்டன. பெயரை மட்டும் பழைய ஆட்கள் இன்னும் விடவில்லை.

1757 முதல் 1842 வரை மேலைநாட்டுக் கப்பல்கள் சீனாவுடன் வணிகம் செய்ய இந்த ஒரு துறைமுகத்துக்குத்தான் அனுமதி. ஷிசான்ஹாங் (பதின்மூன்று வணிக நிலையங்கள்) என்று பெயர் பெற்று ஆற்றங்கரையில் வரிசையாக நின்ற கிடங்கு வீடுகளைத் தாண்டி வெள்ளையர்கள் இஷ்டம்போல் போக முடியாது. பம்பாயிலிருந்து பார்சிகளும் வந்தார்கள், பஞ்சோடும் அபினோடும். எதிர்ப்பக்கத்தில் உட்கார்ந்து விலை பேசியவர்களில் பெரிய தலை, ஹவ்குவா என்று அந்நியர்கள் அழைத்த வூ பிங்ஜியன். 1856இல் அந்தக் கிடங்குகள் எரிந்துபோயின. இன்று அதே பெயருள்ள தெருவில் ஆயத்த ஆடை மொத்த வியாபாரம். ஆள் உயரக் கறுப்பு பிளாஸ்டிக் மூட்டைகளைத் தள்ளுவண்டியில் ஏற்றிக்கொண்டு வருபவர்கள், விலகாதவர்களின் கணுக்காலைப் பற்றிக் கவலைப்படுவதில்லை. மதியம் ஒரு மணிக்கெல்லாம் சந்தை அடங்கிவிடும். பழைய கிடங்குகளின் நினைவாக எதையாவது பார்க்கலாம் என்று வருபவர் ஏமாறுவார். எனக்கு இந்த மூட்டைகளே போதும்.

அங்கிருந்து சிங்பிங் சந்தை. நான் பார்க்க ஆசைப்பட்டது இதைத்தான். எதற்கும் அரசே விலை வைத்துக்கொண்டிருந்த காலம் முடியும் தறுவாயில், 1979இல், விளைவித்தவர்களே தங்கள் விலைக்கு விற்கலாம் என்று திறந்துவிட்ட முதல் சந்தைகளில் ஒன்று. ஒரு காலத்தில் உயிருள்ள பாம்பு, ஆமை, பூனை எல்லாம் கூண்டில் விற்றார்களாம். 2003இல் சார்ஸ் வந்த பிறகு அந்த வியாபாரம் போய்விட்டது. மருந்துச் சரக்குகள் நிலைத்துவிட்டன.

தெரு முழுக்கச் சாக்குகள். காய்ந்த காளான், கோஜிப் பழம், வேர்கள், பட்டைகள், காய்ந்த தேள். கண்ணாடி ஜாடிகளில் ஆரஞ்சுத் தோல், ஒவ்வொரு ஜாடியிலும் ஆண்டு எழுதி ஒட்டியிருக்கிறது. சின்ஹுய் என்ற ஊரிலிருந்து வரும் தோலுக்குத்தான் மதிப்பு. பழையதாக ஆக விலை ஏறும். அம்மாள் ஒரு துண்டை ஒடித்து மோந்து பார்த்துவிட்டு, கடைக்காரர் சொன்ன வயதில் பாதிதான் இருக்கும் என்றார். கடைக்காரர் கோபித்துக்கொள்ளவில்லை. விலையைக் குறைத்தார்.

அடுத்த கடையில் கடல் அட்டை, அளவு வாரியாகப் பிரித்து வைத்திருந்தது. பக்கத்தில் கட்டுக்கட்டாகக் கடல் குதிரை, மஞ்சள் கண்ணாடிபோல் மின்னும் மீன் நெட்டி, அதாவது மீனின் காய்ந்த காற்றுப்பை. மன்னார் வளைகுடாவிலிருந்து பல தலைமுறைகளாகக் கடல் அட்டை புறப்பட்டு வந்தது இந்த மாதிரிக் கடைகளுக்குத்தான். இந்தியாவில் 2001இல் கடல் அட்டையையும் கடல் குதிரையையும் வனவிலங்குச் சட்டத்தின் முதல் அட்டவணையில் சேர்த்தார்கள். அதன் பிறகு ராமநாதபுரத்துக் கரையில் மூட்டையோடு பிடிபடுகிறவர் பெயர் செய்தித்தாளில் வருகிறது. வாங்குகிறவர் எந்தச் செய்தியிலும் வருவதில்லை. அவர் இங்கே பேரம் பேசிக்கொண்டிருக்கிறார்.

சந்தையை ஒட்டி ஓடும் சாலைக்குப் பெயர் ஜூன் 23 சாலை. கால்வாய்க்கு அப்பால் இருப்பது ஷாமியன் தீவு, 1861இலிருந்து ஆங்கிலேயரும் பிரெஞ்சுக்காரரும் பங்கு போட்டுக்கொண்டு வாழ்ந்த இடம். 1925 ஜூன் 23 அன்று இந்தக் கரையில் ஊர்வலம் போனவர்கள்மீது அந்தக் கரையிலிருந்து சுட்டார்கள். ஐம்பதுக்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். இன்று அந்தத் தீவில் கல்யாண ஜோடிகள் புகைப்படம் எடுக்கிறார்கள். ஆலமரங்கள் அழகாக இருக்கின்றன. நாங்கள் பாலம் ஏறவில்லை. அம்மாளுக்கு அங்கே வாங்குவதற்கு ஒன்றும் இல்லை.

நவம்பர் 12, ஞாயிறு

ஊரில் தீபாவளி. காலையில் வீட்டுக்குத் தொலைபேசியில் பேசிவிட்டு, சாங்ஷோ சாலைக்குப் பின்னால் உள்ள பச்சைக்கல் (ஜேட்) சந்தைக்குப் போனோம். பர்மாவிலிருந்து வரும் கல். ஒரு சந்து முழுக்க வளையல், அடுத்த சந்து முழுக்கப் பதக்கம், அதற்கடுத்ததில் நூல் கோப்பவர்கள். எல்லோர் கையிலும் சின்ன டார்ச். கல்லோடு ஒட்டி வைத்து வெளிச்சம் உள்ளே எப்படிப் பரவுகிறது என்று பார்க்கிறார்கள். இயற்கையான கல் ஏ சரக்கு. அமிலத்தில் வெளுத்துப் பிசின் ஏற்றியது பி. சாயம் போட்டது சி. சிரித்த முகத்தோடு மூன்றையும் விற்கிறார்கள்.

வளையல் போடும் வித்தையைப் பார்த்தேன். வாங்க வந்த பெண்ணின் கையில் மெல்லிய பிளாஸ்டிக் உறையை மாட்டி, கட்டைவிரல் மூட்டை உள்ளே மடக்கிப் பிடித்து ஒரே தள்ளு. திருவிழாக்கடை வளையல்காரரின் பிடி அப்படியே. உறையை உருவியதும் வளையல் மணிக்கட்டில் நின்றது. கழற்றுவது வாங்கியவர் பாடு.

நவம்பர் 13, திங்கள்

நமக்கு ஐப்பசி அமாவாசை, இவர்களுக்குப் பத்தாம் மாதத்தின் முதல் நாள். முதல் நாளிலும் பதினைந்தாம் நாளிலும் அம்மாள் மாமிசம் தொடுவதில்லை. இந்த நாளுக்காகவே ஹுவாலின் கோவிலை ஒத்திப்போட்டு வைத்திருந்தார்.

நேற்று நடந்த அதே பச்சைக்கல் சந்துகளின் நடுவில்தான் கோவில். கடைப் பலகைகளுக்கு நடுவே தேடினால்தான் வாசல் தெரியும். போதிதர்மர் கடல்வழியாக வந்து கரையேறிய இடம் இது என்பது மரபு. ஆண்டு 527 வாக்கில் என்கிறார்கள். அன்று ஆற்றங்கரை இங்கே இருந்தது, இப்போது ஆறு தெற்கே வெகுதூரம் தள்ளிப் போய்விட்டது. சின்ன மடமாக இருந்ததை 1655இல் விரித்துக் கட்டி ஹுவாலின் என்று பெயர் வைத்தார்கள்.

தமிழர் என்று தெரிந்ததும் ஊதுபத்தி விற்ற கிழவர், 'தாமோ உங்கள் ஊர்க்காரராமே' என்றார். போதிதர்மரைச் சீனர்கள் அப்படித்தான் அழைக்கிறார்கள். தலையாட்டி வைத்தேன். உண்மையில் ஆறாம் நூற்றாண்டுக் குறிப்பு ஒன்று அவரைப் பாரசீகர் என்கிறது. இன்னொரு பழைய குறிப்பு தென்னிந்திய அரசர் ஒருவரின் மூன்றாம் மகன் என்கிறது. காஞ்சி என்று ஊர்ப்பெயர் சேர்ந்தது பின்னால் வந்த மரபில். நம்மவர்கள் இணையத்தில் பல்லவ வம்ச வரைபடமே போட்டுவிட்டார்கள். இந்தக் கிழவரிடம் அதையெல்லாம் விளக்க எனக்குச் சீன மொழியும் போதாது, மனமும் வரவில்லை. ஊதுபத்தியில் ஒரு யுவான் குறைத்துக்கொண்டார்.

ஞானமடைந்த பௌத்தத் துறவிகளான ஐந்நூறு அருகர்களின் மண்டபத்துக்குள் போனால் திசை தெரியாது. வரிசை வரிசையாக முகங்கள்: சிரிப்பவர், கொட்டாவி விடுபவர், காது குடைபவர். 19ஆம் நூற்றாண்டில் வந்த ஐரோப்பியர்கள் தொப்பி போட்ட ஒரு சிலையைப் பார்த்து மார்க்கோ போலோ என்று எழுதிவிட்டார்கள், அந்தக் கதை இன்னும் ஓடுகிறது. பழைய சிலைகள் பண்பாட்டுப் புரட்சியில் அழிந்தன. இப்போது இருப்பவை பின்னால் செய்தவை. அது யாருக்கும் குறையாகத் தெரியவில்லை. ஏதாவது ஒரு சிலையில் தொடங்கித் தன் வயது வரை எண்ணி, நின்ற இடத்தில் இருக்கும் முகத்தைப் பார்த்தால் பலன் தெரியுமாம். அம்மாளுக்குக் கிடைத்தவர் முகம் சுளித்துக்கொண்டிருந்தார். 'வயதை நான் சரியாகச் சொல்லவில்லை' என்று நகர்ந்துவிட்டார்.

சந்தைக்காரர்களும் வந்திருந்தார்கள். கடை திறக்குமுன் மூன்று ஊதுபத்தி கொளுத்தி, மூன்று முறை குனிந்து, ஓட்டம். புதிதாக வாங்கிய பதக்கத்தைச் சன்னிதிக்குக் கொண்டு வந்தவர்களும் உண்டு. ஆண்களுக்குக் கருணைத் தெய்வமான குவான்யின் பதக்கம், பெண்களுக்குப் புத்தர் என்பது வழக்கம். இந்தச் சந்தை கோவிலை நெருக்குகிறது என்று ஒரு பயணக் கட்டுரையில் படித்திருந்தேன். அப்படி எனக்குப் படவில்லை. இந்தச் சந்துகள் இல்லையென்றால் திங்கட்கிழமை காலையில் இங்கே இத்தனை பேர் யார் வருவார்கள்?

கோவிலுக்குப் பக்கத்தில் ஐந்து வாய்கள் கொண்ட கிணறு இருக்கிறது. கீழே புதையல் இருப்பதாகப் போதிதர்மர் சொல்ல, ஊரார் தோண்ட, தண்ணீர் வந்ததாகக் கதை. தோண்டியவர்கள் என்ன சொன்னார்கள் என்று கதையில் இல்லை.

நவம்பர் 14, செவ்வாய்

கால் வலி. அம்மாளுக்கு இல்லை.

நவம்பர் 15, புதன்

என்னிங் சாலை. சுத்தியல் சத்தம் வரும் பக்கம் நடந்தால் செப்புப் பாத்திரக் கடைகள். பட்டறை கடையின் பின்பக்கத்திலேயே. அடித்து அடித்துத் தகட்டில் மீன்செதில் மாதிரி விழும் தழும்புதான் கையால் செய்ததற்கு அடையாளம். இரண்டு கட்டடம் தள்ளி, சீர்செய்யப்பட்ட யோங்சிங்ஃபாங் குடியிருப்பு: காப்பிக்கடைகள், வாடகை உடையில் பெண்கள், புரூஸ் லீயின் தந்தை, கான்டன் கூத்து நடிகர் லீ ஹோய் சுவன் வாழ்ந்த வீடு. கிடைமட்டமாக உருட்டுக்கட்டைகள் கோத்த சிகுவான் கதவுகள் அழகாகத்தான் இருக்கின்றன. பூட்டு மட்டும் புதிது, உள்ளே யாரும் குடியிருப்பதில்லை. செப்புக்கடை வாசலிலேயே எனக்கு நேரம் போயிற்று.

லிச்சி ஓடையை 1992இல் மூடிச் சாலை போட்டார்கள். நாற்றம் தாங்கவில்லையாம். 2010இல், ஆசிய விளையாட்டுப் போட்டிக்கு முன்னால், சாலையைப் பெயர்த்து மறுபடி தண்ணீர் விட்டார்கள். சாலை இருந்தபோது பஸ் பிடித்த இடத்தை அம்மாள் காட்டினார். இப்போது அங்கே படகு நிற்கிறது. அருகே பான்டாங்கில் ரென்வெய் கோவில், 1052இல் தொடங்கியது. வடதிசைக்கும் நீருக்கும் அதிபதியான சுவான்ட்டியன் ஷாங்டி மூலவர், அவருக்கு ஆமையும் பாம்பும் துணை. ஓடையைப் புதைத்து வைத்திருந்த பதினெட்டு ஆண்டுகள் நீர்த்தெய்வம் என்ன நினைத்திருப்பார் என்று கேட்டேன். 'அப்போதும் மூன்றாம் மாதம் மூன்றாம் நாள் திருவிழா நடந்தது' என்றார் அம்மாள்.

பான்டாங் சேற்றில் தாமரைக்கிழங்கு உட்பட ஐந்து பயிர்கள் பேர்போனவை. வயல்கள் போய் வீடுகள் வந்துவிட்டன. அந்த ஐந்தில் ஒன்றான சேற்றுக்கிழங்கின் மாவில் செய்த பலகாரம் மட்டும் கிடைக்கிறது, ஊடே பார்க்கலாம் போன்ற பழுப்பு நிறம். இரண்டு வாங்கி நானே இரண்டையும் தின்றேன்.

நவம்பர் 17, வெள்ளி

சென் குலத்தார் மண்டபம், 1894. குவாங்டோங் மாகாணத்தின் எழுபத்திரண்டு வட்டங்களைச் சேர்ந்த சென் குடும்பங்கள் பணம் போட்டுக் கட்டியது. தேர்வு எழுத வரும் பையன்கள் தங்குவதற்கும் பயன்பட்டது. கூரை முகட்டில் ஷிவான் ஊர்ச் சூளைப் பொம்மைகள், கூத்துக் காட்சிகளாக. பண்பாட்டுப் புரட்சியின்போது உள்ளே அச்சகம் நடந்ததால் பிழைத்தது என்கிறார்கள். கூட்டம் அதிகம். கழுத்து வலிக்கும் வரை பார்த்தேன்.

நவம்பர் 18, சனி

ஆற்றைக் கடந்து ஃபாங்சுன். முதலில் தாவோ மதச் சித்தர் ஹுவாங் தாசியனின் கோவில்: 1899இல் எழுந்தது, பின்னால் அழிந்தது, 1999இல் திரும்பக் கட்டியது. மூங்கில் குழலைக் குலுக்கி, தானாக விழும் குச்சியில் உள்ள எண்ணுக்குப் பலன் பார்க்கிறார்கள். அம்மாள் குலுக்கவில்லை. அருகரிடம் கேட்டது போதும் என்றார்.

தேயிலைச் சந்தையில் மதியம் முழுக்கக் கழிந்தது. தெருத்தெருவாகத் தேயிலை, வேறு எதுவும் இல்லை. உட்காரச் சொல்லி ஊற்றிக்கொண்டே இருக்கிறார்கள். ஊற்றும்போது மேசையில் இரு விரலால் தட்டினால் நன்றி. நாள்பட நாள்பட மதிப்பு ஏறும் பூஏர் என்ற தேயிலையை 357 கிராம் வட்டாக அமுக்கி, ஏழு வட்டை மூங்கில் மட்டையில் கட்டியிருக்கிறார்கள். 2007இல் இதன் விலை ஏறிய வேகத்தில், குடிக்காதவர்களும் வாங்கிக் குவித்து, அதே ஆண்டில் விலை சரிந்தபோது மாட்டிக்கொண்டார்கள். ஒரு கடைக்காரரின் மேல்தட்டில் அந்த ஆண்டுக் கட்டுகள் பிரிக்காமல் இருந்தன. ஒன்றைப் பிரித்துப் போட்டுத் தருவீர்களா என்று கேட்டேன். அது குடிக்கிற தேயிலை இல்லை, வைத்துக்கொள்கிற தேயிலை என்றார்.

அம்மாள் கோப்பையைக் கவிழ்த்துவிட்டு எழுந்து அடுத்த கடைக்குப் போனார். அங்கே வயதான பெண்மணி ஒருவர் தனக்காகப் போட்டு வைத்திருந்த தேநீரையே எங்களுக்கும் ஊற்றினார். ஆறாவது தண்ணீருக்கும் நிறம் இறங்கியது. அதில் ஒரு வட்டு வாங்கிக்கொண்டோம், ஆளுக்குப் பாதி.