டெக்சாஸில் நீதிமன்ற நகல் தேடுவோருக்கு

விவாகரத்துத் தீர்ப்பின் நகலுக்காக டெக்சாஸ் மாநில அரசுக்கு எழுதிவிட்டு நம்மவர்கள் பலர் காத்திருக்கிறார்கள். அங்கிருந்து வருவது சரிபார்ப்புக் கடிதம் மட்டுமே. தீர்ப்பு, வழக்கு நடந்த கவுண்டியின் (நம்மூர் மாவட்டம் போன்ற பகுதி) டிஸ்ட்ரிக்ட் கிளார்க், அதாவது நீதிமன்றப் பதிவுகளைக் காப்பவரின், அலுவலகத்தில் இருக்கிறது. நிலப் பத்திரமும் திருமண உரிமமும் கவுண்டி கிளார்க்கிடம்.

முதலில் எந்தக் கவுண்டி என்று உறுதி செய்யுங்கள். ஹூஸ்டன் பக்கம் என்போம். ஆனால் சுகர்லேண்ட் இருப்பது ஹூஸ்டனின் பெரும்பகுதி உள்ள ஹாரிஸ் கவுண்டியில் அல்ல, ஃபோர்ட் பெண்ட் கவுண்டியில்.

பெயர் வைத்துத் தேடும்போதுதான் தமிழர்களுக்குச் சோதனை. அப்பா பெயர் குடும்பப் பெயராகியிருக்கும், இனிஷியல் இடம் மாறியிருக்கும், 'வ'வுக்கு V, W என இரண்டு எழுத்து இருக்கும். எல்லா வடிவத்திலும் தேடுங்கள். எதிர்த்தரப்பின் பெயரிலும் தேடுங்கள். வழக்கு எண் கிடைத்துவிட்டால் பாதி வேலை முடிந்தது.

இந்தியாவில் காட்ட வேண்டுமென்றால் கிளார்க் முத்திரையிட்ட சான்றளித்த நகலாகவே கேளுங்கள். அதற்குத்தான் டெக்சாஸ் மாநிலச் செயலர் அலுவலகம் அப்போஸ்டில், அதாவது ஆவணத்தை வெளிநாட்டில் ஏற்க உதவும் சான்று, தரும். இணையத்தில் பணம் பறிக்கும் தனியார் தேடல் தளங்களைப் பார்த்தால் எனக்குக் கோபம் வருகிறது. முதலில் கிளார்க் அலுவலகத்தைக் கேளுங்கள்.