கரட்டுப் பொடவு

மே 2

அப்பா ரெண்டு மணிக்குத்தான் கண் அசந்தார். சின்னம்மாவைப் பக்கத்தில் உட்கார வைத்துவிட்டு எங்கள் பாறைக்குன்றுக்கு, கரட்டுக்குப் போனேன். பாறையில் செருப்பில்லாமல் ஒரு எட்டு வைக்க முடியாது, அப்படிக் கொதிக்கிறது. ஆனால் பொடவு வாசலில் (குகையைப் பொடவு என்றுதான் சொல்வோம்) உட்கார்ந்தவுடன் கணுக்காலில் சில்லென்று காற்று. சின்ன வயதில் இதே இடத்தில் இதே காற்றில் ஆடு மேய்க்கிற பிள்ளைகளோடு உட்கார்ந்து பல்லாங்குழி ஆடியிருக்கிறேன், பாறையில் அந்தக் குழிகள் இன்னும் இருக்கின்றன. இந்தக் காற்று எங்கிருந்து வருகிறது என்று அப்போது ஒரு நாளும் கேட்டதில்லை. இன்றைக்குத் தோன்றிவிட்டது.

மே 3

ஊதுபத்தி கொளுத்தி எடுத்துக்கொண்டு போனேன். வாசலில் தரையை ஒட்டிப் பிடித்தால் புகை வெளியே சாய்கிறது. அது சரி, குளிர்ந்த காற்று கனமானது, கீழே வழியத்தான் செய்யும். கையை உயர்த்தி வாசலின் மேல் விளிம்பில் பிடித்தேன். அங்கேயும் வெளியேதான். உள்ளே முட்டுச்சந்தாக இருந்தால் கீழே வெளியேறுகிற காற்றுக்கு ஈடாக மேல்பக்கம் வெளிக்காற்று நுழைய வேண்டும். நுழையவில்லை. அப்படியென்றால் வேறு எங்கேயோ நுழைகிறது. கரட்டின் மேல்பக்கம் எங்கேயோ இன்னொரு வாய் இருக்கிறது.

அப்பா அறையில் மாட்டியிருந்த தெர்மாமீட்டரையும் கொண்டுபோயிருந்தேன். வெளியே வேப்பமர நிழலில் 39. உள்ளே 29.

மே 4

அக்னி நட்சத்திரம் ஆரம்பம். அப்பா கஞ்சியைத் தள்ளிவிட்டார்.

மே 7

தம்பியைக் கூட்டிக்கொண்டு உள்ளே போனேன். சித்தப்பா மகன், இருபது வயது, பயமே கிடையாது, அதனால்தான் எனக்குப் பயம். ஆளுக்கு ரெண்டு டார்ச், கூட ஒன்று. சின்னம்மாவிடம் நேரம் சொல்லிவிட்டுப் போனோம், ஐந்து மணிக்குள் வராவிட்டால் ஆளை அனுப்பச் சொல்லி.

முதல் அறை பெரிய ஆட்டுக்கொட்டில் அளவு. நிமிர்ந்து நிற்கலாம். அதைத் தாண்டி இடதுபக்கம் படுத்து நகர்ந்துதான் போக வேண்டும், ஏழெட்டு அடி. முழங்கை தேய்ந்துவிட்டது. அப்புறம் ரெண்டாவது அறை, சின்னது. அங்கேதான் வௌவால். தலைக்கு மேலே நூறு இருக்கலாம், நாங்கள் எண்ணவில்லை. வெளிச்சம் பட்டதும் அவற்றின் காதுகள் ஒன்றன்பின் ஒன்றாக அசைந்தன. நான் டார்ச்சைக் கீழே திருப்பிவிட்டேன். தரையில் புழுக்கை மெத்தை மாதிரி, மூக்கைத் துணியால் கட்டிக்கொண்டுதான் போயிருந்தோம். அந்தத் தூசியில் இருக்கிற பூஞ்சணம் நெஞ்சுக்குள் போனால் நோய் வரும், இதில் விளையாட்டு வேண்டாம்.

இது சுண்ணாம்புக்கல் குகை இல்லை. ஆந்திராவில் போரா குகை மாதிரி தண்ணீர் கரைத்துக் கரைத்து உண்டாக்கியதும் இல்லை, மேகாலயாவில் முப்பது கிலோமீட்டருக்கு மேல் நீள்கிற கிரெம் லியாத் பிரா மாதிரியும் இல்லை. கருங்கல் வெடிப்பு வெடிப்பாகப் பிரிந்து, இடையில் இருந்த மண் மழையில் கரைந்து போய், உருண்டைப் பாறைகள் ஒன்றன்மேல் ஒன்று சாய்ந்து நிற்க, மிச்சமான சந்துதான் எங்கள் பொடவு. மொத்த நீளம் என் காலடிக் கணக்கில் இருபத்து மூன்று.

மே 8

நேற்று எழுதாமல் விட்டது. ரெண்டாவது அறையின் கடைசியில் இருப்பது பாறை இல்லை, அடுக்கிய கல். ஒரு ஆள் அகலச் சந்தை அடியிலிருந்து உச்சிவரை கல் வைத்து அடைத்திருக்கிறது. பெரிய கல், இடையில் சில்லுக்கல், வரப்புச் சுவர் கட்டுகிற மாதிரி. கிணற்றடிச் சுவரும் அதே அடுக்குத்தான். அது அப்பாவின் கை, எனக்குச் சந்தேகமே இல்லை.

கல் இடுக்குகள் வழியாகத்தான் காற்று வருகிறது.

மே 9

அப்பாவிடம் கேட்டேன். "அது" என்றார். வாதத்தில் விழுந்ததிலிருந்து அவருக்கு மிச்சமிருக்கிற ஒரே சொல். தண்ணீருக்கும் அதுதான், வலிக்கும் அதுதான், எனக்கும் அதுதான்.

மே 15

சின்னம்மா சொல்வது: வெள்ளாடு ஒன்று அந்தச் சந்துக்குள் போய்ப் பள்ளத்தில் விழுந்துவிட்டது, மூன்று நாள் கத்தியது, எடுக்க முடியவில்லை. அப்பா அந்த வாரமே கல் சுமந்தார். "உங்கப்பா அந்த வாரம் சோறு தின்னலடி."

கீழத்தெருப் பெரியப்பா சொல்வது வேறு. வெளியூர் ஆட்கள் நாலு பேர் புதையல் இருக்கிறது என்று எலுமிச்சம்பழமும் சேவலும் கொண்டு ராத்திரியில் வந்து தோண்டினார்களாம், அப்பா விரட்டிவிட்டு அடைத்தாராம். பத்து ரூபாய்க்கு மேல் மதிப்புள்ள புதையல் கிடைத்தால் கலெக்டருக்குச் சொல்லியாக வேண்டும் என்று 1878-லேயே சட்டம் போட்டுவிட்டார்கள், இன்னும் ராத்திரியில் மண்வெட்டியோடு வருகிறார்கள்.

எனக்கு ஆட்டுக் கதைதான் உண்மையாகத் தோன்றுகிறது. அல்லது ரெண்டும்.

மே 16

கல் அடுக்கை போனில் படம் எடுத்து வந்து அப்பாவிடம் காட்டினேன். இடது கையால் என் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டார். பிசியோ கொடுத்த ரப்பர் பந்தைக்கூட அவ்வளவு இறுக்கிப் பிடித்ததில்லை. ரொம்ப நேரம் விடவில்லை.

கல்லை எடுக்க மாட்டேன் என்று சொன்னேன். எடுக்க மாட்டேன்.

ஜூன் 11

கீழக்குயில்குடி போய் வந்தேன். சமணர் மலையில் செட்டிப்பொடவு. அங்கேயும் இதே சொல்தான், பொடவு, எனக்கு அது ஏனோ ஆறுதலாக இருந்தது. உள்ளே தீர்த்தங்கரர்கள் ஆயிரம் வருஷத்துக்கும் மேலாக உட்கார்ந்திருக்கிறார்கள், பக்கத்தில் வட்டெழுத்து. மதுரையைச் சுற்றி இப்படிப் பல மலைகளில் கற்படுக்கை உண்டு, தலை வைக்கிற இடம்கூடச் சற்று உயர்த்தி வெட்டியிருப்பார்கள். மழைத்தண்ணீர் உள்ளே வழியாமல் இருக்க வாசலின் நெற்றியில் ஒரு காடி வெட்டுவார்கள், அதுதான் அடையாளம்.

வந்ததும் எங்கள் பொடவின் நெற்றியை ஏணி வைத்துத் தடவிப் பார்த்தேன். காடி இல்லை. படுக்கை இல்லை. ஒரு எழுத்து இல்லை. கொஞ்சம் ஏமாற்றம்தான், சாயங்காலம்வரை இருந்தது. இருந்திருந்தால் தொல்லியல் துறைக்கு எழுதிப் போட்டு, கரட்டில் எங்கள் பங்கை விற்றுவிடலாம் என்கிற அண்ணன் வாயை அடைத்திருக்கலாம்.

ஜூன் 12

அண்ணன் போன் செய்தான். விலை ஏற்றியிருக்கிறார்களாம்.

ஜூன் 20

ராத்திரி மூன்று மணிக்கு அப்பா கட்டிலைத் தட்டுகிறார், விடிந்துவிட்டது என்று நினைக்கிறார். பகலெல்லாம் தூக்கம். பத்து நாளாக இப்படி. எனக்கும் எந்தக் கிழமை என்று குழம்புகிறது. 1962-ல் மிஷேல் சிஃப்ர் என்கிற பிரெஞ்சுக்காரர் கடிகாரம் இல்லாமல் ரெண்டு மாதம் குகைக்குள் இருந்து பார்த்தார், செப்டம்பர் 14 அன்று வெளியே கூப்பிட்டபோது அவர் கணக்கில் அது ஆகஸ்ட் 20.

வௌவாலைப் பற்றித் தேடியபோதுதான் இதெல்லாம் கண்ணில் பட்டது. நம் காமராசர் பல்கலைக்கழகத்திலேயே எம்.கே. சந்திரசேகரன் இந்த உடம்புக் கடிகாரத்தைத்தான் பல வருஷம் ஆராய்ந்திருக்கிறார், வெளிச்சமும் சத்தமும் எட்டாத அறை கட்டி அதில் மனிதர்களைத் தங்கவைத்தும் பார்த்திருக்கிறார். அவரும் மாரிமுத்துவும் ராஜனும் 1981-ல் எழுதியது இலைமூக்கு வௌவாலைப் பற்றி. இருட்டுக் குகையில் கூண்டுக்குள் அடைத்த வௌவாலுக்குச் சூரியன் தெரியாது. ஆனால் சுற்றிலும் மற்ற வௌவால்கள் சாயங்காலம் கிளம்பிப் போய்விட்டுத் திரும்பி வந்துகொண்டிருந்தால், கூண்டில் இருப்பதும் சரியாக அதே நேரத்துக்கு விழித்துச் சிறகடிக்கிறது. தனிக் குகையில் ஒன்றை மட்டும் அடைத்தால் அதன் நாள் கொஞ்சம் கொஞ்சமாக நழுவிப் போய்விடுகிறது.

இதைப் படித்துவிட்டு ரொம்ப நேரம் அப்பா கட்டில் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தேன். பின்கட்டில் அமைதியாக இருக்கட்டும் என்று நாங்கள்தான் அவரைத் தனி அறையில் போட்டோம்.

ஜூன் 21

கட்டிலைத் திண்ணைப் பக்க அறைக்கு மாற்றியாயிற்று. காலையில் பால்காரர், சாயங்காலம் ஆடு திரும்புகிற சத்தம், ஆறரைக்கு எல்லோரும் அங்கேயே காபி.

ஜூன் 29

மூன்று ராத்திரியாகத் தட்டவில்லை.

ஆகஸ்ட் 8

சர்வேயர் வந்தார். மூன்று மாதம் அலைந்த பிறகு. வரைபடத்தை விரித்து, பழைய கல்லில் ரெண்டு காணாமல் போயிருந்ததால் பக்கத்துப் புலத்திலிருந்து அளந்து வந்தார். பொடவு வாசலும் முதல் அறையும் எங்கள் பட்டாவில். அதற்கு மேலே பாறைப் புறம்போக்கு. கல் அடுக்கு எந்தப் பக்கம் என்று கேட்டேன், மண்ணுக்குள் அளக்க எங்களிடம் சங்கிலி இல்லம்மா என்றார். நல்ல மனிதர், மோர் மட்டும் குடித்தார்.

வாங்க வருகிறவர்களுக்கு வேண்டியது கல். ஜல்லிக்கு உடைக்க. கரட்டின் எங்கள் பக்கத்தை மட்டும் வெடி வைத்தாலும் மற்றது நிற்காது, ஒன்றையொன்று தாங்கிக்கொண்டு நிற்கிற பாறைகள் இவை, அடியில் ஒன்றை உருவினால் போதும். அண்ணனிடம் அதைச் சொன்னேன். மருந்துச் செலவை யார் பார்ப்பது என்று கேட்டான். அவன் கேட்பது தப்பில்லை. மாதாமாதம் அனுப்புகிறவன் அவன்தான், நான் இங்கே இருக்கிறேன், அவ்வளவுதான் வித்தியாசம். ஆனால் ஒரு வௌவால் வருஷத்துக்கு ஒரு குட்டிதான் போடும், அதை மார்பில் சுமந்துகொண்டு பறக்கும், இந்த இடம் போனால் அவை எங்கே போகும் என்று நான் கேட்டால் அவனுக்கு அது பதிலாகவே படவில்லை. நான் சரியாகச் சொல்லத் தெரியாமல் சொல்கிறேன். விற்கக் கூடாது. அந்தக் காற்று எங்கே போய் எங்கே வருகிறது என்று தெரியாமலே விற்கக் கூடாது.

ஆகஸ்ட் 9

நேற்று எழுதியதைத் திருத்தவில்லை. தெரிந்த பிறகும் விற்கக் கூடாது.

அக்டோபர் 22

நாலு நாளாக மழை. பொடவுக்குப் போகவில்லை, ஈரத்தில் மண் எங்கே சரியும் என்று சொல்ல முடியாது, பாம்பும் மேட்டுக்கு ஏறியிருக்கும்.

அக்டோபர் 30

தம்பி பொடவை வீடியோ எடுத்துப் போட வேண்டும் என்கிறான். போட்டால் அடுத்த ஞாயிற்றுக்கிழமை ஐம்பது பைக் நிற்கும், பாறையில் பெயிண்டில் பெயர் எழுதுவார்கள். கோபமாகப் பேசிவிட்டேன். அவன் முகம் வாடிவிட்டது.

நவம்பர் 27

விடிகாலை ஐந்து மணி. தெர்மாமீட்டர் வெளியே 21, உள்ளே 27. ஊதுபத்தியை வாசலில் பிடித்தேன். புகை உள்ளே போகிறது!

கீழே பிடித்தாலும் மேலே பிடித்தாலும் உள்ளேதான். இப்போது உள்ளே இருப்பதுதான் வெதுவெதுப்பு, அது மேலே ஏறி மேல் வாய் வழியாகப் போகிறது, அந்த இடத்துக்குக் கீழே வெளிக்காற்று இழுபடுகிறது. மே மாதம் மூச்சை விட்டது, இப்போது இழுக்கிறது. ஓடிவந்து அப்பாவிடம் சொன்னேன், மூச்சு வாங்க வாங்கச் சொன்னேன். சிரித்தார். வாயின் இடதுபக்கம் மட்டும், ஆனால் சிரிப்புதான்.

நவம்பர் 28

சாம்பிராணி போட்டு மேலே எங்கே வாசம் வருகிறது என்று பார்க்கலாம் என்று தம்பி சொன்னான். நல்ல யோசனைதான், ஆனால் வௌவாலுக்கு மூச்சு முட்டும், மேலே மலைத்தேனீ அடை ரெண்டு தொங்குகிறது, புகை பட்டால் கரடே பறக்கும். வேண்டாம் என்றேன். அவனோடு பேசிக்கொள்ள ஒரு விஷயம் கிடைத்தது.

டிசம்பர் 14

குளிர் போதவில்லை. மேலே கையால் தடவித் தேடினேன், ஒன்றும் இல்லை.

டிசம்பர் 19

சர்வேயர் கொடுத்த நகலை அண்ணன் அனுப்பச் சொல்கிறான். இன்னும் அனுப்பவில்லை.

டிசம்பர் 22

அப்பாவிடம் கரட்டின் படத்தைக் காட்டி, காற்று எங்கே அப்பா வெளியே வருது என்று கேட்டேன். முதலில் "அது" என்றார். அப்புறம் இடது கை ஆள்காட்டி விரலை போன் திரையில் வைத்தார். விரல் பட்டதும் படம் பெரிதாகி எங்கேயோ போய்விட்டது. மறுபடி சரிசெய்து கொடுத்தேன். மறுபடி வைத்தார், மறுபடி நழுவியது. கடைசியில் கரியை எடுத்துத் தரையில் கரட்டை வரைந்து காட்டினேன், பெரிய பாறை, தேனடை, இச்சி மரம். குனிய முடியாமல் குனிந்து இச்சி மரத்தைத் தொட்டார்.

டிசம்பர் 23

நாலே முக்காலுக்கு நானும் தம்பியும். இச்சி வேர் பாறையைப் பிளந்துகொண்டு இறங்குகிற இடம், மூன்று விரல் அகலம்தான். இலைச் சருகை விலக்கினேன். முகத்தைப் பக்கத்தில் கொண்டுபோனதும் கன்னத்தில் வெதுவெதுவென்று பட்டது. வௌவால் புழுக்கை வாசம். தம்பி நாலு தடவை "அக்கா, கை வைங்க, அக்கா, கை வைங்க" என்றான், நான் கை வைத்துக்கொண்டேதான் இருந்தேன்.

திரும்பி வரும்போது அப்பா விழித்திருந்தார். என் கையை எடுத்து முகர்ந்து பார்த்தார்.

டிசம்பர் 24

அண்ணன் பொங்கலுக்கு முன்னாலேயே வருகிறானாம், 28. நாலே முக்காலுக்கு எழுப்பி இச்சி மரத்தடிக்குக் கூட்டிப் போக வேண்டும். ரெண்டு ஸ்வெட்டர் துவைத்துப் போட்டிருக்கிறேன்.