த்ராட்டில் பாடி மாற்றிய பிறகு ஐடிலிங் நிலையாக நிற்கவில்லை: காரணம் கிடைத்த கதை

என்னுடையது பன்னிரண்டு வருடமான பெட்ரோல் கார். 1.2 லிட்டர், நாலு சிலிண்டர், மேனுவல் கியர். ஒரு நாள் பல்லாவரம் தாண்டி ஜிஎஸ்டி ரோட்டில் போகும்போது ஆக்ஸிலரேட்டர் திடீரென்று செத்துவிட்டது. எவ்வளவு மிதித்தாலும் வண்டி ஊர்ந்துதான் போனது, செக் இன்ஜின் லைட்டும் எரிந்தது. ஸ்கேனர் போட்டதில் பி2135 என்று கோட் வந்தது. இன்ஜினுக்குள் போகும் காற்றைக் கட்டுப்படுத்துவது த்ராட்டில் பாடி. அதற்குள் இருக்கும் பட்டர்ஃபிளை என்ற தகடு எவ்வளவு திறந்திருக்கிறது என்று சொல்ல இரண்டு சென்சார்கள் உண்டு. அவை இரண்டும் ஒன்றுக்கொன்று ஒத்துப்போகாத கணக்கைச் சொன்னால் இந்தக் கோட் வரும். வயரிங்கும் கனெக்டரும் சரியாக இருந்தன. ஜிபி ரோட்டில் 11,000 ரூபாய் கொடுத்துப் புது த்ராட்டில் பாடி வாங்கி, எங்கள் தெரு மெக்கானிக் அண்ணனும் நானும் சேர்ந்து ஒரு மணி நேரத்தில் மாட்டினோம்.

ஆக்ஸிலரேட்டர் உயிர் பெற்றது, ஆனால் ஐடிலிங், அதாவது காலை எடுத்த பிறகும் இன்ஜின் தானே நிதானமாக ஓடுவது, போய்விட்டது. இன்ஜின் சூடான பிறகு 750-ல் நிற்க வேண்டிய ஆர்பிஎம் முள் 1,000-க்கும் 1,600-க்கும் நடுவே ஏறி இறங்கிக்கொண்டே இருந்தது. ஏசி ஓடும்போது சிக்னலுக்காகக் காலை எடுத்தால், முள் ஒரேயடியாகக் கீழே விழுந்து சில சமயம் இன்ஜின் அணைந்தும் போனது. இதை லேசாக எடுத்துக்கொள்ளாதீர்கள். இன்ஜின் நின்றுவிட்டால் ஸ்டியரிங் இறுகிவிடும். பிரேக்கை லேசாக மிதிக்க உதவும் பூஸ்டரில் மிச்சமிருக்கும் வேக்குவம் ஒன்றிரண்டு மிதிக்குத்தான் வரும். தாம்பரம் மேம்பாலத்தில் இறங்கும்போது ஒரு தடவை அப்படி ஆனது. அன்றிலிருந்து காரணம் தெரியும்வரை அம்மாவை அந்தக் காரில் ஏற்றவில்லை.

"தம்பி, கம்ப்யூட்டருக்குப் புது பாடியப் பழக்கணும், அவ்ளோதான்" என்றார் அண்ணன். அவர் சொன்னதில் நியாயம் இருந்தது. இந்த மாதிரி வண்டிகளில் ஐடிலிங்குக்குத் தனி வால்வு கிடையாது. பட்டர்ஃபிளையையே இம்மியளவு திறந்து வைத்து இசியு, அதாவது இன்ஜின் கம்ப்யூட்டர், சமாளிக்கிறது. வருடக்கணக்கில் கரி படியப் படிய, அதே காற்று உள்ளே போக எவ்வளவு கூடுதலாகத் திறக்க வேண்டும் என்று இசியு கற்றுக்கொண்டே வரும். சுத்தமான புது பாடியை மாட்டியதும் அந்தப் பழைய கணக்கு பொருந்தாது, காற்று அதிகமாகப் போய் ஆர்பிஎம் ஏறும். பேட்டரி நெகட்டிவைக் கழற்றி வைத்துப் பார்த்தோம், ஸ்கேனரில் ரீலேர்ன் (இசியுவைப் புதிதாகக் கற்க வைக்கும் கட்டளை) கொடுத்தோம். மூன்று தடவை செய்தும் அரை நாள்கூட நிற்கவில்லை. பி0507, அதாவது ஐடிலிங் இருக்க வேண்டியதைவிட அதிகம் என்ற கோட், திரும்பத் திரும்ப வந்தது. பாடியே டூப்ளிகேட்டாக இருக்குமோ என்று இருவருக்கும் சந்தேகம் வந்துவிட்டது.

அந்த வாரம் இசியுவோடு போனை இணைக்கும் ஒரு ப்ளூடூத் ஓபிடி அடாப்டர் வாங்கி போனில் லைவ் டேட்டா பார்க்க ஆரம்பித்தேன். எங்கிருந்தாவது காற்று திருட்டுத்தனமாக உள்ளே போனால் ஃப்யூயல் ட்ரிம், அதாவது இசியு பெட்ரோலைக் கூட்டிக் குறைக்கும் சதவீதம், பிளஸ் 15, 20 என்று ஏறும் என்று படித்திருந்தேன். என் வண்டியில் பிளஸ் 3-தான் காட்டியது. அதனால் ஏர் லீக் இல்லை என்று முடிவு கட்டி ஒரு வாரத்தை வீணாக்கினேன். அந்த விதி காற்றின் அளவை நேராக அளக்கும் மாஸ் ஏர்ஃப்ளோ சென்சார் வைத்த வண்டிகளுக்குத்தான் சரியாக வரும். அங்கே சென்சாரைத் தாண்டி நுழையும் காற்று கணக்கில் வராது, பெட்ரோல் போதாமல் ட்ரிம் ஏறும். நம் ஊர் சின்ன பெட்ரோல் கார்கள் பலவற்றில் இருப்பது மேப் சென்சார். அது காற்றைச் சிலிண்டர்களுக்குப் பிரித்து அனுப்பும் மேனிஃபோல்டுக்குள் இருக்கும் அழுத்தத்தைப் பார்க்கிறது. லீக் வழியாக வந்த காற்றும் அந்த அழுத்தத்தில் சேர்ந்துவிடுவதால் இசியு அதற்கும் சேர்த்தே பெட்ரோல் கொடுத்துவிடும். ட்ரிம் நல்ல பிள்ளையாக நிற்கும், ஆர்பிஎம் மட்டும் ஏறும். மேப் சென்சார் வண்டி வைத்திருப்பவர்கள் யாரும் என்னைப் போல ட்ரிம்மைப் பார்த்து ஏமாந்துவிடக் கூடாது என்பதற்காகவே இதை எழுதுகிறேன்.

துப்பு கிடைத்தது வேறொரு எண்ணில். அதே மாடல் வைத்திருக்கும் நண்பனின் காரில் அடாப்டரை மாட்டிப் பார்த்தேன். சூடான ஐடிலிங்கில் அவன் வண்டியின் த்ராட்டில் பொசிஷன் 15 சதவீதம். (முழுக்க மூடினாலும் இந்த எண் பூஜ்யம் காட்டாது, அது சென்சார் வோல்டேஜை வைத்துச் சொல்லும் கணக்கு.) என் வண்டியில் 12. அதாவது என் இசியு பட்டர்ஃபிளையை முடிந்த மட்டும் மூடிவிட்டது, இருந்தும் ஆர்பிஎம் இறங்கவில்லை. அப்படியானால் அந்தக் கூடுதல் காற்று பட்டர்ஃபிளை வழியாக வரவில்லை.

முள் ஏறி இறங்கியதற்கும் அப்போதுதான் அர்த்தம் புரிந்தது. கால் எடுத்திருக்கும்போது ஆர்பிஎம் அதிகமாக இருந்தால், வண்டி இறக்கத்தில் உருள்கிறது என்று நினைத்து இசியு பெட்ரோலை நிறுத்தும். ஆர்பிஎம் விழும். உடனே பெட்ரோலைத் திறக்கும், லீக் காற்றில் மறுபடி ஏறும். இந்தச் சுற்றுதான் ஓடிக்கொண்டே இருந்திருக்கிறது.

ஞாயிற்றுக்கிழமை ஏர் ஃபில்டர் குழாயைக் கழற்றிவிட்டு, ஓடும் இன்ஜினின் த்ராட்டில் வாயைத் தடிமனான ரப்பர் ஷீட்டால் அடைத்தோம். கையால் அடைக்கவே கூடாது. லீக் இல்லாத இன்ஜின் உடனே நின்றுவிட வேண்டும். இது முக்கி முனகி ஓடிக்கொண்டே இருந்தது. மேனிஃபோல்டோடு சேரும் குழாய்களை, பிரேக் பூஸ்டர் ஹோஸ், பிசிவி ஹோஸ், பர்ஜ் வால்வு ஹோஸ் என்று ஒவ்வொன்றாக நசுக்கிப் பார்த்தோம், எதிலும் மாற்றமில்லை. பிறகு செடிக்குத் தெளிக்கும் ஸ்பிரேயில் தண்ணீர் எடுத்து, கனெக்டர்களில் படாமல் த்ராட்டில் பாடியும் மேனிஃபோல்டும் சேரும் இடத்தில் மெல்லப் பீய்ச்சினேன். அடிப்பக்கம் தண்ணீர் பட்ட நொடியில் ஆர்பிஎம் இறங்கியது. காற்று நுழைந்த ஓட்டை அங்கேதான். சிலர் இதற்கு கார்ப் கிளீனர் அடிப்பார்கள். சூடான எக்ஸாஸ்ட் பக்கத்தில் அது தீப்பிடிக்கும், வேண்டாம்.

கழற்றினால், அந்த இடத்தில் காற்று கசியாமல் அடைக்க வேண்டிய பழைய ரப்பர் ரிங். புது பாடியோடு ரிங் வரவில்லை, இருந்ததையே போட்டிருந்தோம். அது சூட்டில் காய்ந்து பிளாஸ்டிக் போல விறைத்து, அடியில் ஒரு இடத்தில் பள்ளத்தை விட்டு வெளியே வந்து மடிந்திருந்தது. அண்ணன் அதைக் கையில் வைத்துக்கொண்டு ரொம்ப நேரம் பேசவில்லை. "என் தப்பு தம்பி, நான் பாத்திருக்கணும்" என்றார். மாட்டும்போது நானும்தான் கூட இருந்தேன்.

புது ரிங் 140 ரூபாய். பள்ளத்தில் உட்கார்ந்ததைச் சுற்றிலும் விரலால் தடவிப் பார்த்துவிட்டு, நாலு போல்ட்டையும் குறுக்குக் குறுக்காக, கொஞ்சம் கொஞ்சமாக இறுக்கினோம். மேனிஃபோல்டு பிளாஸ்டிக் என்பதால் பலமாக முறுக்கவில்லை.

ஸ்டார்ட் செய்ததும் ஆர்பிஎம் 500-க்கு இறங்கி இன்ஜின் அணைந்தது. இந்த இடத்தில் மனம் விட்டுப்போகும், ஆனால் இது நல்ல அறிகுறி. லீக்கைச் சமாளிக்க பட்டர்ஃபிளையை மூடியே வைக்க வேண்டும் என்று இத்தனை நாளில் இசியு கற்றுக்கொண்டிருந்தது. லீக் அடைபட்டதும் காற்று போதவில்லை. முன்பு மூன்று தடவை செய்த ரீலேர்ன் தோற்றதும் இதனால்தான். ஓட்டையை வைத்துக்கொண்டு எத்தனை முறை கற்றுக்கொடுத்தாலும், அது ஓட்டையோடு சேர்த்துத்தான் கற்கும்.

இந்த முறை லேசாக ஆக்ஸிலரேட்டர் கொடுத்து இன்ஜினை 85 டிகிரிக்குக் கொண்டுவந்தோம். ஏசி, ஹெட்லைட், ஃபேன் எல்லாவற்றையும் அணைத்து, ஸ்டியரிங்கை நேராக வைத்து, ஸ்கேனரில் ரீலேர்ன் கொடுத்தோம். முடிந்ததும் பெடலைத் தொடாமல், ரேடியேட்டர் ஃபேன் இரண்டு தடவை ஓடி நிற்கும்வரை விட்டோம்; பிறகு ஏசி போட்டுப் பத்து நிமிடம். இந்த வரிசை வண்டிக்கு வண்டி மாறும், உங்கள் மாடலின் சர்வீஸ் மேனுவலைப் பார்த்துச் செய்யுங்கள்.

இப்போது சூடான ஐடிலிங் 750, ஏசி போட்டால் 850, த்ராட்டில் பொசிஷன் 15. நாலு மாதமாகக் கோட் எதுவும் வரவில்லை. அம்மா மறுபடி முன் சீட்டில் உட்கார்ந்து வருகிறார்.