போனதும் நின்றதும்

மார்ச் 3, செவ்வாய்

பாப்பாவுக்குப் பேதி. ஏழு தடவை. மதியத்துக்கு மேல்தான் எண்ண ஆரம்பித்தேன், எட்டாகவும் இருக்கலாம். வாந்தி இரண்டு. தண்ணி தண்ணியாகப் போகிறது. ரத்தம் இல்லை. ரத்தம் இல்லை என்று இன்னொரு தடவை எழுதிப் பார்த்துக்கொள்கிறேன்.

மார்ச் 4, புதன்

நேற்று நான் செய்த தப்பு இரண்டு. மறைக்காமல் எழுதி வைக்கிறேன்.

பெட்டியில் அடைத்த பழச்சாறு கொடுத்தேன். வேறு எதையும் வாயில் வாங்கவில்லை, அதை மட்டும் ஆசையாகக் குடித்தாள், அதனால். அரை மணியில் டயப்பர் தாங்கவில்லை. அவ்வளவு சர்க்கரை உள்ளே போனால் அது உடம்பிலிருக்கும் தண்ணியைக் குடலுக்குள் இழுத்துக் கொட்டிவிடுமாம். இன்றைக்குத்தான் தெரியும். அடுத்தது, ஓ.ஆர்.எஸ்., பேதிக்குக் கரைத்துக் கொடுக்கிற உப்பு-சர்க்கரைப் பொடி, அந்தப் பாக்கெட்டில் பாதியைப் பிரித்து ஒரே தம்ளரில் கரைத்தேன். கண்ணளவு. ஒரு லிட்டருக்கான பாக்கெட் அது. நல்ல வேளை, இரண்டு வாய்க்கு மேல் துப்பிவிட்டாள்.

காலையில் அழுதாள், கண்ணில் தண்ணி இல்லை. தூக்கிக்கொண்டு ஓடினோம்.

எடை 8.8. போன மாதம் 9.3. டாக்டர் வயிற்றுத் தோலை இரண்டு விரலால் கிள்ளி விட்டார். மாவு மாதிரி மெதுவாகத்தான் இறங்கியது. உடம்பில் தண்ணி வற்றினால் அப்படித்தானாம். "ட்ரிப் வேணாம். குடிக்கிறா இல்ல, வாய் வழியாவே ஏத்திடலாம்" என்று சொல்லிவிட்டு ஏதோ பெருக்கினார். கிலோவுக்கு 75 மில்லி ஓ.ஆர்.எஸ். தண்ணி. 660 மில்லி. நாலு மணி நேரத்தில்.

அந்த நாலு மணி நேரமும் ஒரே பெஞ்சில். நீலக் கரண்டி, ஐந்து மில்லி பிடிக்கும். ஊட்டினேன், நிமிடம் எண்ணினேன், ஊட்டினேன். நாற்பதாவது கரண்டியில் மொத்தமும் வாந்தி. நான் எழுந்தே விட்டேன். நர்ஸ் அக்கா அவசரமே இல்லாமல் துடைத்துவிட்டு, "பத்து நிமிஷம் விடுங்க. அப்புறம் மறுபடி, இன்னும் மெதுவா. வாந்தி எடுத்தாலும் எல்லாமா வெளிய வந்துடும்?" என்றார். நடுநடுவே பாலும் கொடுக்கச் சொன்னார். கடைசி அரை மணியில் ஒண்ணுக்குப் போனாள். என் மடி முழுக்க. அந்த ஈரத்தோடுதான் வீட்டுக்கு வந்தேன், மாற்றிக்கொள்ளத் தோன்றவே இல்லை.

கிளம்பும்போது சொன்னது: வீட்டுக்குப் போனதும் சாப்பாடு. நாளைக்கு இல்லை, இன்றைக்கே. ஜிங்க் மாத்திரை ஒரு நாளைக்கு 20 மில்லிகிராம், 14 நாள், பேதி நின்றாலும் நிறுத்தக் கூடாது.

ஜிங்க் 1.

மார்ச் 5, வியாழன்

பதினொன்று.

மார்ச் 6, வெள்ளி

அத்தை நேற்றிலிருந்து ஒரே வார்த்தை. "வயித்தைக் கொஞ்சம் காயப்போடும்மா. உள்ளே ஒண்ணும் இல்லேன்னா எது போகும்?"

பதில் சொல்ல முடியாத கேள்வி. மூன்று பிள்ளை வளர்த்தவர். என் கண்ணுக்கும் அதுதானே தெரிகிறது? மசித்த வாழைப்பழம் நாலு வாய் கொடுத்தேன். ஒரு மணி நேரத்தில் டயப்பரில் அதே வாழைப்பழம், கறுப்பு நார் உட்பட. பார்த்தவுடன் மனசு சொன்னது: கொடுத்தாய், போனது. கொடுக்காமல் இருந்திருந்தால்? ஊட்டுகிற கையே குற்றவாளி மாதிரி ஆகிவிட்டது.

போன் செய்து டாக்டரிடம் கேட்டேன். பேதி சமயத்திலும் சாப்பிட்டதில் நூற்றுக்கு 60 பங்கு போல உடம்பில் சேரும் என்றார். அறுபது. டயப்பரில் தெரிவது மிச்சம்தான். சேர்ந்தது கண்ணுக்குத் தெரியாது, அதுதான் கஷ்டம். குடலின் உள்தோல் மூன்று முதல் ஐந்து நாளுக்குள் புதுசாக வளர்ந்துவிடுமாம். நோய் அதைத்தான் உரித்துப்போட்டிருக்கிறது. அது வளர உள்ளே தீனி இருக்க வேண்டும். காயப்போட்டால் காய்வது குழந்தைதான், நோய் இல்லை.

இதை அத்தையிடம் சொன்னேன். "ம்" என்றார்.

நாலு வாயில் அறுபது பங்கு என்றால் இரண்டரை வாய்கூட இல்லை. 2.4 வாய். இதையெல்லாம் கணக்குப் போடுகிற நிலைமையில் இருக்கிறேன்.

சாயந்திரம் கண் குழி விழுந்திருக்கிற மாதிரி இருந்தது. கிள்ளிப் பார்த்தேன். சட்டென்று இறங்கியது. பத்து நிமிடம் கழித்து மறுபடி கிள்ளினேன். மொத்தம் ஆறு தடவை. வயிறு சிவந்துவிட்டது. இவர் பார்த்துவிட்டு, "நீ கிள்ளுறதுக்கே அவ அழுவா" என்றார்.

ஜிங்க் 3. மாலை வரை ஒன்பது.

மார்ச் 7, சனி

நீலக் கரண்டியைக் காணோம். வீடு முழுக்கத் தேடினேன். வேறு கரண்டி இல்லாமலா? எட்டு இருக்கிறது. ஆனால் அளவு அதில்தான் எனக்குப் பழகியிருக்கிறது. ஒவ்வொரு தடவை போன பிறகும் 50-லிருந்து 100 மில்லி, நான் 75 என்று வைத்திருக்கிறேன், பதினைந்து கரண்டி. நிமிடத்துக்கு ஒன்று என்றாலும் கால் மணி. ஒன்பது தடவை போனால் 135 கரண்டி. சாப்பாட்டை இதில் சேர்க்கவில்லை.

பின்குறிப்பு: அவள் தலையணைக்குள் இருந்தது.

ஜிங்க் 4. தாய்ப்பாலில் கரைத்துக் கொடுத்தேன், அந்தத் தகர ருசி அவளுக்குத் தெரிந்துவிட்டது. என் சட்டையில் பாதி. பாதி மாத்திரை மறுபடி கொடுக்கலாமா என்று யோசித்து, விட்டுவிட்டேன்.

மார்ச் 8, ஞாயிறு, விடியற்காலை 3

பால் குடித்துக்கொண்டே தூங்குகிறாள். இந்த ஐந்து நாளில் அவள் ஒரு தடவைகூட வேண்டாம் என்று தள்ளாதது இது ஒன்றுதான். எனக்குத் தாகம். எழுந்தால் விழித்துவிடுவாள்.

கையில் போன். ஓ.ஆர்.எஸ். பற்றித் தேடித் தேடி 1971-க்குப் போய்விட்டேன். வங்கதேசப் போர், எல்லை தாண்டி வந்த அகதிகள், முகாமில் காலரா. ட்ரிப் ஏற்ற சலைன் தீர்ந்துபோகிறது. திலிப் மகலனாபிஸ் என்கிற டாக்டர் உப்பு, குளுக்கோஸ், சோடா உப்பு மூன்றையும் தண்ணியில் கலந்து டிரம்மில் வைத்துக் குழாய் போட்டுவிடுகிறார். ஊட்டியது யார்? கூட வந்த சொந்தக்காரர்கள். அம்மாக்கள். கோப்பை கோப்பையாக. நூற்றுக்கு 30 என்றிருந்த சாவு 4-க்கும் கீழே வந்தது.

சர்க்கரையும் உப்பும் சேர்ந்து போனால்தான் குடலின் கதவு திறக்குமாம், தண்ணி அது பின்னாலேயே உள்ளே போகும். பேதியிலும் அந்தக் கதவு பழுதாகாது. செவ்வாய்க்கிழமை நான் கொடுத்த பழச்சாறில் சர்க்கரை மட்டும் மலை மாதிரி.

செவ்வாய்க்கிழமையை விடவே மாட்டேனா.

அந்த முகாமில் இருந்த அம்மாக்களிடம் கரண்டி இருந்திருக்குமா?

மார்ச் 8, இரவு

ஆறு. கொஞ்சம் கெட்டியாக. ஜிங்க் 5.

மார்ச் 9, திங்கள்

சண்டை. இவர் ஆபீஸில் யாரோ சொன்னார்களாம், ஒரு மாத்திரையில் நின்றுவிடும் என்று. "பெரியவங்களுக்கு நிக்குதுல்ல?" பெரியவர்களுக்கு. குடலின் அசைவை நிறுத்துகிற மருந்தைச் சின்னக் குழந்தைக்குக் கொடுக்கவே கூடாது என்று டாக்டர் அன்றைக்கே சொன்னார், இவர் அப்போது பார்க்கிங்கில். ஆன்டிபயாடிக் கேட்டதற்கும் வேண்டாம் என்றுதான் சொன்னார், ரத்தம் இல்லாத தண்ணிப் பேதிக்குப் பெரும்பாலும் அது தேவைப்படாது.

கோபத்தில் கத்திவிட்டேன். கத்தியது இவரிடம், ஆனால் இவரிடம் மட்டும் இல்லை. எனக்கும் நிறுத்துகிற மாத்திரைதான் வேண்டும். 135 கரண்டி யாருக்கு வேண்டும்?

இன்று சாப்பிட்டது: கஞ்சி மூன்று கரண்டி, தயிர் இரண்டு. உருளைக்கிழங்கைத் துப்பினாள். மூன்று மணி நேரத்துக்கு ஒரு தடவை ஏதாவது நீட்டச் சொல்லியிருக்கிறார்கள், கொஞ்சமாக, அடிக்கடி, கட்டாயப்படுத்தாமல். கட்டாயப்படுத்தாமல் என்று சொல்கிறவர்கள் எல்லோரும் எழுந்து வீட்டுக்குப் போய்விடுகிறார்கள்.

ஜிங்க் 6.

மார்ச் 10, செவ்வாய்

நாலு.

அரை முட்டை! மஞ்சள் கரு முழுக்க. மூச்சு விடாமல் பார்த்துக்கொண்டிருந்தேன், சத்தம் போட்டால் நிறுத்திவிடுவாளோ என்று.

மார்ச் 11, புதன்

மறுபடி எடை பார்த்தோம். 8.9.

எனக்குச் சந்தோஷமாக இருந்தது. 8.8-லிருந்து ஏறியிருக்கிறதே. டாக்டர் சந்தோஷப்படவில்லை. போன புதன் இழந்தது பெரும்பாலும் தண்ணி, அது அன்றைக்கே திரும்பிவிட்டது. அன்று மத்தியானமே மறுபடி எடை போட்டிருந்தால் 9.2 போலக் காட்டியிருக்குமாம். அப்படியானால் இந்த 8.9-இல் குறைவது தண்ணி இல்லை. சதை. ஒரு வாரத்தில் இவ்வளவு.

குளிப்பாட்டும்போது தோள்பட்டை எலும்பைத் தடவிப் பார்த்தேன். முன்பும் இப்படித்தான் இருந்ததா? போட்டோவை எல்லாம் எடுத்துப் பார்த்தேன். எல்லாவற்றிலும் சட்டை போட்டிருக்கிறாள்.

இனிமேல் கஞ்சியில் எண்ணெய் ஒரு சின்னக் கரண்டி. வயிறு சின்னது, நிறைய கொடுக்க முடியாது, அதனால் கொடுக்கிற கொஞ்சத்தில் பலம் இருக்க வேண்டும். தண்ணி விட்டு நீர்க்க வைக்கக் கூடாது. நான் இத்தனை நாளும் ஜீரணமாகட்டும் என்று கஞ்சியை நீர்க்கத்தான் வைத்துக்கொண்டிருந்தேன்.

இது மூன்றாவது தப்பு.

ஜிங்க் 8.

மார்ச் 12, வியாழன்

இரண்டு. கிள்ளவில்லை.

மார்ச் 13, வெள்ளி

ஒன்று, சாதாரணமாக. டயப்பரைக் கொண்டுபோய் அத்தையிடம் காட்டினேன். அத்தையும் கண்ணாடி போட்டுக்கொண்டு பார்த்தார். வெளியாள் யாராவது பார்த்தால் எங்களை என்ன நினைப்பார்கள்.

பசி வந்துவிட்டது. அகோரப் பசி. நான் சாப்பிடும்போது என் தட்டில் கை வைக்கிறாள். இரண்டு வாரத்துக்குத் தினமும் ஒரு வேளை கூடுதலாகக் கொடுக்க வேண்டும், இழந்ததை உடம்பு இப்போதுதான் வாங்கிக்கொள்ளும்.

ஜிங்க் 10.

மார்ச் 14, சனி

மத்தியானம் என்னை அறியாமல் தூங்கிவிட்டேன், இரண்டு மணி நேரம். எழுந்து வந்தால் அத்தை மடியில் வைத்து ஊட்டிக்கொண்டிருக்கிறார், நீலக் கரண்டியால். கஞ்சி கெட்டியாக, மேலே எண்ணெய் மினுமினுக்கிறது. வாசலிலேயே நின்றேன்.

"இந்தா, இன்னும் ஒரு வாய். அறுபது காசுதான் நமக்கு, நாப்பது காசு போகட்டும்" என்கிறார் அவளிடம்.

நான் வந்ததை இருவரும் கவனிக்கவில்லை. திரும்பிப் போய்ப் படுத்துக்கொண்டேன். தூக்கம் வரவில்லை. கண் மூடியிருந்தாலும் காது இன்னும் எண்ணிக்கொண்டிருக்கிறது.

மார்ச் 15, ஞாயிறு

ஜிங்க் 12. மாத்திரை அட்டையில் மூன்று மிச்சம், இரண்டுதான் இருக்க வேண்டும். எந்த நாள் விட்டேன்? இங்கே புரட்டிப் பார்த்தேன், சில நாள் எழுதவே இல்லை. 10-இலும் எழுதவில்லை. முட்டை சாப்பிட்ட நாள்.

எடை பார்க்க வியாழக்கிழமை வரச் சொல்லியிருக்கிறார்கள்.