டிரம்மர் எப்போதும் இருட்டில்தான்

குடியாத்தத்தில் நான் வளர்ந்த காலத்தில் பேண்டு என்றால் ஒன்றுதான். சாயம் போன சிவப்புக் கோட்டு, தோளில் மஞ்சள் குஞ்சம், முன்னால் கிளாரினெட், கடைசியில் வயிற்றில் பெரிய டிரம்மைக் கட்டிக்கொண்டு மூச்சு வாங்க நடக்கும் ஒருவர். மாப்பிள்ளை ஊர்வலம் போனால் அந்தக் கடைசி ஆளோடு ஒட்டிக்கொண்டே நடப்பேன். ஒவ்வொரு அடிக்கும் என் நெஞ்சுக்குள் ஏதோ ஒன்று குதிக்கும்.

அதனால் ஆபீசில் இரண்டு மேஜை தள்ளி உட்காரும் நண்பர், "எங்க பேண்டு சனிக்கிழமை பப்ல வாசிக்குது, வந்து போட்டோ எடுத்துக் குடுங்களேன்" என்று கேட்டபோது எனக்கு முதலில் ஞாபகம் வந்தது அந்தக் குஞ்சம்தான். நண்பர் பாஸ் கிடார் வாசிப்பவர். வயது நாற்பத்தாறு. கணக்குப் பிரிவில் வேலை. பார்த்தால் நம்ப மாட்டீர்கள்.

நான் பெங்களூர் வந்து பத்தொன்பது வருஷம் ஆகிறது. அல்சூரில் வீடு. கையில் இருப்பது செகண்ட் ஹேண்டில் வாங்கிய நிக்கான் டி750, ஒரு 50 எம்.எம்., ஒரு 85 எம்.எம்., இரண்டும் எஃப் 1.8 லென்ஸ். இதுவரை எடுத்துப் பழகியது சொந்தக்காரர் வீட்டுக் கல்யாணங்களும் அல்சூர் ஏரியின் நீர்க்காகங்களும். இரண்டிலும் வெளிச்சத்துக்குக் குறைவில்லை. பப்பில் என்ன இருக்கும் என்று தெரியாமலே சரி என்று சொல்லிவிட்டேன்.

சனிக்கிழமை மூன்று மணிக்கு மெட்ரோ ஏறினேன். ஹலசூரு, டிரினிட்டி, எம்.ஜி. ரோடு, அவ்வளவுதான் தூரம். முதலில் எல்லோரும் சர்ச் தெரு இந்தியன் காபி ஹவுஸில் கூடுவதாகப் பேச்சு. எம்.ஜி. ரோட்டில் இருந்த அந்தக் கடை 2009ல் இங்கே இடம் மாறியது. பழைய இடத்தைப் பற்றிப் புலம்பாமல் இங்கே யாரும் காபி குடிப்பதில்லை. நண்பரும் புலம்பினார். பாடுகிற பெண் மங்களூர்க்காரி, லீட் கிடார் பையன் ஷில்லாங். இருவரும் முட்டை தோசையும் கட்லெட்டுமாக மும்முரமாக இருந்தார்கள். எங்கள் மேஜையில் கன்னடம், இங்கிலீஷ், தமிழ், கொஞ்சம் இந்தி எல்லாம் ஒரே வாக்கியத்தில் வந்து போயின.

டிரம்மர் கடைசியாக வந்தான். கையில் டிரம் இல்லை. முதுகில் வட்டமான ஒரு பை, தோளில் இன்னொன்று. சிம்பல் என்கிற உலோகத் தட்டுகளும், ஸ்னேர் என்கிற சின்ன டிரம்மும், காலால் மிதிக்கிற பெடலும் மட்டும் டிரம்மர் சொந்தமாகக் கொண்டுவர வேண்டுமாம். மற்ற பெரிய டிரம்கள் எல்லாம் பப்பிலேயே இருக்கும். அந்த வட்டப் பையைத் தூக்கிப் பார்த்தேன். கைக்குழந்தையைத் தூக்குகிற மாதிரி இருந்தது.

"ட்ரெயின்ல இதை எங்க வைப்பே?"

"மடிலதான்ணா. மாரிக்குப்பத்துல ஏறினா சீட் கெடச்சிடும். பங்காருப்பேட்டைக்கு அப்புறம் நிக்கக்கூட இடம் இருக்காது."

இந்த டிரம்மர் தம்பிக்கு ஊர் கே.ஜி.எஃப்., அதாவது கோலார் தங்கவயல். அங்கிருந்து தினமும் பெங்களூருக்கு வேலைக்கு வந்து போகிற ஆயிரக்கணக்கானவர்களில் ஒருவன். இரண்டு மணி நேரத்துக்கு மேல் ஆகும், ஒரு வழிக்கு. வார நாட்களில் ஒயிட்ஃபீல்டில் இறங்கி ஒரு கம்பெனிக்குப் போகிறான். வாசிக்கிற நாட்களில் கன்டோன்மென்ட் வரை வருவான். பப் முடியும்போது கடைசி ரயில் போயிருக்கும். நண்பன் அறையில் படுத்துவிட்டு விடிந்ததும் ஊருக்குப் போவான். டிரம்ஸ் கற்றது சர்ச்சில். அவன் நைனா சுரங்கத்தில் அண்டர்கிரவுண்டு வேலை பார்த்தவர். 2001 பிப்ரவரி கடைசியில் சுரங்கத்தை மூடியபோது இவன் கைக்குழந்தை. அதற்கப்புறம் அவரும் இதே ரயிலில் பெங்களூர் வந்து செக்யூரிட்டி வேலை பார்த்திருக்கிறார். கொள்ளுத்தாத்தா வட ஆற்காடு பக்கத்திலிருந்து போனவராம். எந்த ஊர் என்று அவனுக்குத் தெரியவில்லை. குடியாத்தமாகவே இருக்கட்டும் என்று நானே முடிவு செய்துகொண்டேன்.

கே.ஜி.எஃப். ஆட்களிடம் பேசினால் ஒரு விஷயம் ஐந்து நிமிஷத்துக்குள் வந்துவிடும். இவனிடம் மூன்றே நிமிஷத்தில் வந்தது. "பெங்களூருக்கு 1905லதான்ணா கரண்ட் வந்துச்சு. எங்க ஊருக்கு 1902லயே வந்துடுச்சு." உண்மைதான். சிவனசமுத்திரத்தில் காவிரி நீரில் எடுத்த மின்சாரம் நூற்று நாற்பது கிலோமீட்டருக்கு மேல் கம்பியில் ஓடி முதலில் போனது தங்கச் சுரங்கத்துக்குத்தான். இதைச் சொல்லும்போது அவன் உட்கார்ந்திருந்த விதத்தைப் பார்த்தால் அந்தக் கம்பியை அவனே இழுத்தது போல இருந்தது. ஜன்னல் வெளிச்சம் பக்கவாட்டில் நன்றாக விழுந்தது. லென்ஸ் சரியாக இருக்கிறதா என்று பார்க்கிற சாக்கில் ஒன்று கிளிக் செய்துவைத்தேன்.

கிளம்பும்போது மெதுவாகச் சொன்னான்: "அண்ணா, எல்லாப் போட்டோவுலயும் நான் இருக்க மாட்டேன். கை மட்டும் இருக்கும், இல்லாட்டி சிம்பலுக்குப் பின்னாடி பாதி மூஞ்சி. அம்மா கேட்டுட்டே இருக்கு, நீ வாசிக்கிறியா, சும்மா சொல்றியான்னு. ஒண்ணே ஒண்ணு நல்லா எடுத்துக் குடுங்க."

பப் பக்கத்துச் சந்தில் முதல் மாடியில் இருந்தது. பகலில் பப்பைப் பார்ப்பது மேக்கப் இல்லாத நடிகரைப் பார்க்கிற மாதிரி. ஃபினாயில் வாசனை, கவிழ்த்து வைத்த நாற்காலிகள், மேடை என்று அவர்கள் சொன்ன அரை அடி உயரப் பலகை. சுவர் கறுப்பு. கூரை கறுப்பு. டிரம் செட் மூலையில், கறுப்பு. தம்பி போட்டிருந்த டீ ஷர்ட்டும் கறுப்பு. தம்பியும் என்னைப் போலவே நல்ல கறுப்பு. அவன் சொன்ன பிரச்சினை அப்போதே எனக்கு விளங்கிவிட்டது. முன்னால் நான்கு எல்.இ.டி விளக்குகள் இருந்தன. நான்கும் பாடகியைப் பார்த்தபடி.

ஒன்றை மட்டும் டிரம்ஸ் பக்கம் திருப்ப முடியுமா என்று மேனேஜரிடம் கேட்டேன். பார்க்கலாம் சார் என்றார். பார்க்கவில்லை.

சவுண்ட் செக் என்பது பொறுமைசாலிகளுக்கான வேலை. டம், டம், டம் என்று ஒரே டிரம்மை நாற்பது தடவை அடிக்கச் சொல்கிறார்கள். அந்த நேரத்தில் நண்பர் பழைய கதை சொன்னார். பெங்களூரில் 2005ல் ஓர் ஆணை வந்தது. பொழுதுபோக்கு இடங்களில் லைவ் பேண்டு, டிஸ்கொதே, காபரே இதற்கெல்லாம் தனி லைசென்ஸ் வேண்டும் என்று. வழக்கு நடந்து, 2018 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் அந்த ஆணை செல்லும் என்றது. அந்த வருஷம் இந்திராநகர், சர்ச் தெரு பக்கம் பல பப்களில் மேடை காலியாகிவிட்டது. ஆணை போட்டவர்கள் மனதில் இருந்தது பெண்கள் ஆடுகிற பார்கள். மாட்டிக்கொண்டது கிடாரோடு நிற்கிற ஐ.டி. பையன்கள். "எட்டு மாசம் என் வீட்டு ஹால்லதான் வாசிச்சோம். பொண்டாட்டி மட்டும்தான் ஆடியன்ஸ். அவளும் கதவைச் சாத்திக்கிட்டா," என்றார் நண்பர்.

எட்டரைக்கு ஆரம்பித்தார்கள். ஒன்பது மணிக்குள் இடம் நிரம்பிவிட்டது. காதில் பஞ்சு வைத்திருந்தேன், பிரயோஜனமே இல்லை. போனில் அளந்தால் நூறு டெசிபெல்லைத் தாண்டியது. அந்தச் சத்தத்தில் கால் மணி நேரம்தான் காதுக்குப் பாதுகாப்பு என்று பிறகு படித்தேன். நான் நின்றது இரண்டரை மணி நேரம், ஸ்பீக்கர் பக்கத்தில். அடுத்த நாள் மதியம் வரை காதுக்குள் ஒரு குக்கர் விசிலடித்துக்கொண்டிருந்தது. இந்த வேலைக்குப் போகிறவர்கள் லென்ஸ் வாங்குவதற்கு முன் காதுக்கு நல்ல அடைப்பான் வாங்கிக்கொள்ளுங்கள்.

முதல் அரை மணி நேரம் எடுத்தது அத்தனையும் பாழ். கை வேகமாக அசைகிறதே என்று ஷட்டரை 1/500 விநாடியில் வைத்தேன். திரையில் பார்த்தால் படத்தின் குறுக்கே வேட்டிக்கரை மாதிரி பட்டை பட்டையாக இருட்டு. விஷயம் என்னவென்றால், மலிவான எல்.இ.டி விளக்கை மங்கலாக்கினால் அது உண்மையில் மங்குவதில்லை. படுவேகமாக அணைந்து அணைந்து எரிகிறது. கண்ணை ஏமாற்றலாம், ஷட்டரை முடியாது. 1/125க்கு இறக்கினேன், பட்டை பெரும்பாலும் போய்விட்டது. வெளிச்சம் போதாததால் ஐ.எஸ்.ஓ 6400, படம் புள்ளி புள்ளியாகத்தான் வரும். கல்யாண வீட்டில் இவ்வளவு வைத்திருந்தால் பெண்ணின் அப்பா என்னை அடித்திருப்பார்.

அடுத்த எதிரி சிவப்பு. சோகப் பாட்டு என்றால் சிவப்பு, காதல் பாட்டு என்றாலும் சிவப்பு. விளக்கை இயக்கியவருக்கு வேறு நிறமே பிடிக்காது போல. கேமராவின் சென்சாரில் நாலு புள்ளிக்கு ஒன்றுதான் சிவப்பைப் பார்ப்பது. இரண்டு பச்சைக்கு, ஒன்று நீலத்துக்கு. வெறும் சிவப்பு வெளிச்சத்தில் மற்ற மூன்றும் சும்மா உட்கார்ந்திருக்கும். முகத்தில் மூக்கு எங்கே, கன்னம் எங்கே என்று தெரியாமல் தக்காளிச் சட்னி கொட்டியது போல ஆகிவிடும். ஒரு ஸ்டாப் குறைத்து, அதாவது பாதி வெளிச்சத்தில், எடுத்தேன். சென்சார் பதிந்ததை அப்படியே வைத்திருக்கும் ரா ஃபைல்தான், அப்புறம் கறுப்பு வெள்ளையாக்கிக்கொள்ளலாம் என்று மனதைத் தேற்றிக்கொண்டேன். பப் படங்களில் பாதி கறுப்பு வெள்ளையாக இருப்பது கலையினால் அல்ல, சிவப்பு விளக்கினால்.

பாடகியை எடுப்பதுதான் இருப்பதில் சுலபம். நேர் எதிரே நின்றால் மைக் வாயை மறைக்கும், கொஞ்சம் பக்கவாட்டில் போக வேண்டும். மைக்கிலிருந்து அவர் தலையைப் பின்னால் இழுக்கும் நொடிதான் படம். பாட்டு தெரிந்திருந்தால் அந்த நொடி எப்போது வரும் என்று தெரியும். எனக்குப் பாட்டு ஒன்றும் தெரியாது, மூச்சைப் பார்த்து எடுத்தேன். நண்பர் வேலைக்கு ஆகவில்லை. இரண்டரை மணி நேரமும் டேலி பார்க்கிற முகத்தோடு நின்றார்.

டிரம்ஸ் பக்கம் போகவே முடியவில்லை. இடப்பக்கம் கிடார் சத்தத்தைக் கூட்டுகிற ஆம்ப், வலப்பக்கம் பாத்ரூம் வாசல். வாசலில் நின்றால் ஆள் வந்துகொண்டே இருக்கிறது. ஒருவர் என் தோளில் கை போட்டு, "பாஸ், எங்களையும் எடுங்க" என்றார். எடுத்தேன். இன்னொருவர் பீரில் கால்வாசியை என் கேமராப் பையில் ஊற்றிவிட்டு மன்னிப்பும் கேட்டார். 85 லென்ஸில் தம்பியை எட்டிப் பிடித்துப் பார்த்தேன். ஃபோகஸ் அவன் மேல் நிற்காமல் முன்னும் பின்னும் ஓடி, பளபளக்கிற சிம்பல் ஸ்டாண்டில் போய் உட்கார்ந்துகொண்டது. அதற்கும் அவனைத் தெரியவில்லை.

பத்து மணி வாக்கில், பாட்டின் நடுவில், கரண்ட் போனது.

கிடார் நின்றது. பாஸ் நின்றது. பாடகியின் குரல் திடீரென்று சாதாரண ஒரு பெண்ணின் குரலாகி, அதுவும் நின்றது. டிரம்ஸ் மட்டும் நிற்கவில்லை. அதற்கு எதற்குக் கரண்ட்? கும்மிருட்டில் அவன் பாட்டுக்கு அடித்துக்கொண்டே இருந்தான். ஸ்பீக்கர் வழியாக வராத டிரம் சத்தம் வேறு மாதிரி, தோல் சத்தம். ஊர்வலத்தில் கேட்ட அதே சத்தம். அவன் நிறுத்துவான் என்று எல்லோரும் காத்திருந்த மாதிரி இரண்டு மூன்று விநாடி போயிருக்கும். அப்புறம் யாரோ கைதட்டலைத் தாளத்தோடு சேர்த்தார்கள். ஒரு போன் டார்ச் எரிந்தது. இன்னொன்று. பத்துப் பதினைந்து டார்ச்கள், எல்லாம் அவன் பக்கம்.

ஆம்பைத் தாண்டிப் போய் மண்டியிட்டேன். ஃபோகஸைக் கையால் திருப்பினேன். ஷட்டர் 1/60. எத்தனை எடுத்தேன் என்று அப்போது தெரியாது. ஜெனரேட்டர் உறுமி, சிவப்பு திரும்பி வந்தது. எல்லோரும் கத்தினார்கள். பாட்டு விட்ட இடத்திலிருந்து போனது. அவன் தாளம் தப்பியிருக்கவில்லை.

பதினொன்றுக்கு முடிந்தது. பன்னிரண்டாயிரம் ரூபாயை நாலாகப் பிரித்தார்கள். எனக்கு மசாலா வேர்க்கடலையும் ஒரு பீரும்.

வீட்டில் எண்ணிப் பார்த்தால் மொத்தம் 612 படம். இருட்டில் எடுத்தது 9. எட்டில் ஃபோகஸ் இல்லை. ஒன்றில் இருந்தது. வலது கை ஒரு வெள்ளைக் கோடாகக் கரைந்து கிடக்கிறது, சிம்பல் பாதி சாய்ந்திருக்கிறது, முகம் மட்டும் கத்தி மாதிரி. கண் மூடியிருக்கிறான். நெற்றி வேர்வையில் டார்ச்கள் ஒவ்வொன்றும் தனித்தனிப் புள்ளியாகத் தெரிகின்றன. தோல் கறுப்பு கறுப்பாகவே இருக்கிறது. எங்கள் ஊர் ஸ்டூடியோவில் கொடுத்திருந்தால் முதல் வேலையாக அதைச் சுண்ணாம்பு அடித்திருப்பார்கள். நான் எதையும் தொடவில்லை. நான் எடுத்ததில் இதுவரை இதுதான் நல்ல படம். மனைவியை எழுப்பிக் காட்டினேன், மணி இரண்டு என்பதை மறந்து.

பன்னிரண்டுக்கு எட்டு இஞ்சில் பிரிண்ட் போட்டு, அட்டை வைத்து, நண்பர் மூலம் தம்பியிடம் கொடுத்தனுப்பினேன். உறைக்குள் இடம் இருந்ததே என்று காபி ஹவுஸ் படத்தையும் சின்னதாக ஒரு பிரிண்ட் போட்டு வைத்திருந்தேன்.

பத்து நாள் கழித்து வாட்ஸப்பில் ஒரு வாய்ஸ் மெசேஜ் வந்தது. பின்னணியில் ரயில் சத்தம். "அண்ணா, போட்டோ செமையா இருக்குண்ணா, பேண்டு பேஜ்ல அதைத்தான் போட்டிருக்கோம். அம்மாதான், ஏண்டா வேல நேரத்துல தூங்கறன்னு கேக்குது. சுவத்துல மாட்டினது அந்தக் காபி போட்டோதான். தலை நல்லா வாரியிருக்காம்."